பெர்சியின் தகரப்பெட்டி ஏலம் போன விவரம்

முத்தையாபுரம்,
திங்கட்கிழமை காலை.

அன்பும் அருமையுமான மகள் பெர்சிக்கு, ஓய்வுபெற்ற கணக்காசிரியரும் ஓய்வுபெறாத தகப்பனுமாகிய தேவபிரசாதம் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் அம்மாவும் சுகம். எனக்கு மட்டும் வலது தோளிலும் இடுப்பிலும் பிடிப்பு, காரணம் கீழே வருகிறது. இந்தக் காலத்தில் யாரப்பா கடிதம் எழுதுவது என்று கேட்பாய். போனில் சொன்னால் முதல் வரியிலேயே கத்துவாய். கடிதத்தைப் பார்த்து நீ பெங்களூரில் கத்தினால் எனக்குக் கேட்காது, அதனால்தான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உன் தகரப்பெட்டி பத்திரமாக இருக்கிறது. இதை எழுதும்போது என் கட்டிலுக்குப் பக்கத்தில், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படி.

நேற்று நம் கோயிலில் அறுப்பின் பண்டிகை. வீட்டுக்கு ஒரு பொருள் காணிக்கையாகக் கொடுக்க வேண்டும், ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் ஏலம் விடுவார்கள். வருடா வருடம் நாம் வாழைத்தார் கொடுப்போம். இந்தத் தடவை காற்றில் வாழை சாய்ந்துவிட்டது. உன் அம்மா இரண்டு தேங்காயைக் கொண்டுபோகச் சொன்னாள். முப்பத்தோரு வருடம் வாத்தியாராக இருந்தவன், ஞாயிறு பள்ளிக்குத் தலைவன், இரண்டு தேங்காயோடு போனால் நன்றாகவா இருக்கும்? அப்போதுதான் மாடியில், துறைமுகத்து நிலக்கரித் தூசி விரல்கனத்துக்குப் படிந்து, உன் ஹாஸ்டல் பெட்டி கண்ணில் பட்டது. நீ அதைத் தொட்டு ஒன்பது வருடம். பூட்டியிருந்தது, சாவி என்னிடம் இல்லை. தூக்கினால் உள்ளே கடகடவென்று சத்தம். நீ ஓட்டப்பந்தயத்தில் வாங்கிய கோப்பைகளாக இருக்கும் என்று நினைத்தேன். துடைத்தேன், சனிக்கிழமை சாயங்காலமே கோயிலில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்டால் கொடுக்கமாட்டாய் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை.

நேற்று ஆராதனை முடிந்து கோழி ஏலம் போய்க்கொண்டிருக்கும்போது நீ போன் செய்தாய். "அப்பா, அடுத்த சனிக்கிழமை வாரேன், என் பெட்டிய எடுத்துட்டுப் போவணும். யாரும் தொடலல்லா?" என்று கேட்டாய். நான், "இல்லம்மா, வீட்லதான் இருக்கு, ஒருத்தரும் தொடல" என்றேன். ஞாயிறு பள்ளியில் பொய் சொல்லாதே என்று பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்து அரைநாள்கூட ஆகவில்லை. அதோடு விட்டாயா? "கோயில்ல பிரசங்கம் கேக்காம நான் படம் வரைஞ்ச நோட்டெல்லாம் அதுல இருக்குப்பா. நம்ம சபையில ஒரு ஆளையும் விட்டுவைக்கல" என்று சிரித்தாய். எனக்கு எதிரிலேயே சபைச் செயலாளர் அற்புதமணி மைக்கோடு நிற்கிறார், அவருக்குப் பின்னால் மேசைமேல் உன் பெட்டி. அவரை நீ எப்படி வரைந்திருப்பாய் என்று எனக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை, அந்த மூக்கை நானும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்.

பெட்டியின் முறை வந்தது. "பூட்டின பெட்டி! உள்ள என்ன இருக்குன்னு ஆண்டவருக்கும் வாத்தியார் மகளுக்கும் மட்டுந்தான் தெரியும்!" என்று அற்புதமணி கிளப்பிவிட, சபையே கை தூக்கியது. நானும் தூக்கினேன். துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் கிளியரிங் ஏஜென்ட் மனுவேல் விடுவதாக இல்லை. எப்படியோ ஏலம் என் பேரில் முடிந்தது. பெட்டியைக் கையில் வாங்கினேன், கண்ணெல்லாம் வியர்வை, கண்ணாடியைத் துடைக்க ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், பெட்டியை மேசைமேல் வைத்தேன். உனக்குத்தான் தெரியுமே, ஏலம் எடுத்தவன் பொருளை மறுபடி மேசைமேல் வைத்தால் ஆண்டவருக்கே திரும்பக் கொடுத்துவிட்டான் என்று அர்த்தம். போன வருடம் ஒரே சேவலை நாலு பேர் எடுத்தார்கள், எந்த வீட்டுக்குப் போவது என்று சேவலுக்கே விளங்கவில்லை. "வாத்தியாரு மறுபடியும் ஆண்டவருக்கே குடுத்துட்டாவ!" என்று அற்புதமணி மைக்கில் கத்த, எல்லோரும் கை தட்டினார்கள். பிரசங்கம் செய்த ஐயரே எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த நேரத்தில், "இல்லை, கண்ணாடிதான் துடைத்தேன்" என்று எந்த வாயால் சொல்வது?

மறுபடி ஏலம், மறுபடி எடுத்தேன். இந்தத் தடவை கண்ணாடியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தேன். தோள்பிடிப்பும் இடுப்புப்பிடிப்பும் அங்கேதான் தொடங்கின. நாலு எட்டு வைத்திருக்க மாட்டேன், பாடகர் குழுவிலிருக்கும் பிரைட்டன், நல்ல பையன், வயசான மனுசன் கஷ்டப்படுகிறாரே என்று ஓடிவந்து, "சார், நீங்க விடுங்க" என்று பெட்டியை வாங்கி நேரே மேசைமேல் கொண்டுபோய் வைத்துவிட்டான். சபை எழுந்து நின்று கை தட்டியது. மூன்றாம் தடவை என்னால் கையைத் தூக்க முடியவில்லை. மனம் இல்லாமல் இல்லை, தோள் வரவில்லை. மனுவேல் எடுத்தார். சாப்பிடக்கூட நிற்காமல் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

உன் அம்மா அந்தப் பக்கம் பந்திக்குப் பரிமாறிக்கொண்டிருந்ததால் அவளுக்கு இது ஒன்றும் தெரியாது. நான் ஆட்டோ பிடித்து மனுவேல் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி எமில்டா நடுவீட்டில் பெட்டியை வைத்துக்கொண்டு, கையில் சுத்தியலோடு உட்கார்ந்திருந்தாள். "அண்ணாச்சி, நல்ல நேரத்துக்கு வந்திய. இந்தப் பூட்டக் கொஞ்சம் பிடிங்க, ஒரே போடு" என்றாள். நான் பூட்டின்மேல் இரண்டு கையையும் வைத்து மூடிக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேட்காமல் கொடுத்தது, போனில் பொய் சொன்னது, எல்லாம். நோட்டு விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. எமில்டாவும் நம் சபைதான். அவள் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். "எம் மவன் கிட்டார நான் இதே ஏலத்துக்குத் தூக்கிக் குடுத்து நாலு வருசம் ஆச்சு. இன்னும் பரண்ல இருக்குன்னுதான் நெனச்சிட்டிருக்கான். கொண்டு போங்க அண்ணாச்சி" என்றாள். மனுவேலே காரில் கொண்டுவந்து இறக்கினார். பெட்டியைப் பார்த்து உன் அம்மா ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சிரித்தாள், அவ்வளவுதான்.

அம்மாடி, நேற்று நான் தூங்கிய மாதிரி இந்தப் பத்து வருடத்தில் தூங்கியதில்லை. இனி உன் குண்டூசியைக்கூட உன்னைக் கேட்காமல் தொடமாட்டேன். நான் சொன்ன பொய்யை நீ மன்னித்துவிட வேண்டும். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. பஸ்ஸில் ஜன்னலோரமே உட்கார், இல்லாவிட்டால் வாந்தி வரும்.

உன் அன்பு அப்பா,
தே. தேவபிரசாதம்

பின்குறிப்பு: உறையில் பசை தடவும்போது உன் அம்மா வந்து, "அப்படி என்னத்தப் பக்கம் பக்கமா எழுதுதீய?" என்று வாங்கிப் படித்தாள். படித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அந்தப் பூட்டுக்கு இன்னொரு சாவி அவளிடம் இருக்கிறதாம். ஆறு மாதத்துக்கு முன்பே உன் சாமானை எல்லாம் எடுத்துவிட்டு, பெட்டியில் பழைய குக்கர் மூடிகளையும் உடைந்த மிக்சி ஜாரையும் போட்டுப் பூட்டிவைத்தாளாம். "ஆண்டவருக்குத்தான குடுக்கீயன்னு சும்மா இருந்துட்டேன்" என்கிறாள். மூன்று தரம் ஏலம் போனது குக்கர் மூடி.

உன் நோட்டுகள் என் பீரோவின் அடித்தட்டில் இருக்கின்றன. அந்தத் தட்டில் என் முப்பத்தோரு வருடப் பாடக்குறிப்புகள் இருந்தனவே என்றேன். இடம் வேண்டுமென்று பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டாளாம். என்னைக் கேட்கவில்லை. ஆறு மாதமாக நானும் கவனிக்கவில்லை.

மேலே இருந்த நோட்டை உன் அம்மாவே திறந்து காட்டினாள். முதல் படத்தில் அற்புதமணி இல்லை, நான்தான். உன் பொம்மை வீட்டை விற்கத் தூக்கிக்கொண்டு பழைய பேப்பர்காரர் பின்னால் ஓடுகிறேன். கீழே ஏழாம் வகுப்பு என்று போட்டிருக்கிறாய். அது எனக்கு நினைவே இல்லை. உனக்கு இருந்திருக்கிறது. வருத்தமாகத்தான் இருக்கிறது, பெர்சி. காதை மட்டும் கொஞ்சம் பெரிதாகப் போட்டுவிட்டாய்.

ஆக, உன் சாமான் வீட்டில்தான் இருந்தது. போனில் நான் சொன்னது பொய்யே இல்லை. மேலே கேட்ட மன்னிப்பும் தேவையில்லை. இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டால் உனக்கு ஒன்றுமே தெரியப்போவதில்லை. கிழிக்கத்தான் எடுத்தேன். ஆனால் மேலே உன் பெயர் எழுதியாகிவிட்டது. இனி இது உன் பொருள், உன்னைக் கேட்காமல் நான் எப்படிக் கிழிப்பது?