காது விதித்த மெஷின் காசு

கண்ணை மூடிக்கொண்டு கட்டணம் விதித்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் மலாக்காவில், எங்கள் காஜா பெராங்கில் இருந்தார். அவர் பெயர் யாருக்கும் தெரியாது. தட்டச்சுப் பள்ளி நடத்தியதால் ஊருக்கே அவர் மெஷின் மாஸ்டர்.

நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த புதிது. தட்டச்சுப் பரீட்சையில் தேறியவனுக்கு அரசாங்க ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா, வேலை உண்டு என்று எங்கும் ஒரே பேச்சு. தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிக்கொண்டிருந்த என் அப்பா, "நீயாச்சும் நெழல்ல உக்காந்து சம்பாரிடா" என்று என்னை அனுப்பிவைத்தார். அவர் சொன்ன நிழல், ஒரு கருவாட்டுக்கடையின் மாடியில் தகரக் கூரைக்குக் கீழே இருந்தது. மத்தியானத்தில் அங்கே உட்கார்ந்தால் நாங்களும் கருவாடாகிவிடுவோம்.

படிப்புக்கான சம்பளம் எல்லோருக்கும் ஒன்றுதான். வம்பெல்லாம் மெஷின் காசில்தான் வந்தது. ரிப்பன், எண்ணெய், உதிரிச் சாமான் இவற்றுக்காக மாதம் பிறந்ததும் தனியாக வாங்குவார். எவ்வளவு என்பதை அவருடைய காதுதான் தீர்மானிக்கும். சுவரைப் பார்த்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். நாங்கள் ஒவ்வொருவராக ஒரு வரி தட்ட வேண்டும். லீலாவதி தட்டினால், "தூறல். ஒரு வெள்ளி" என்பார். வெள்ளி என்பது எங்கள் ஊர் டாலர். நான் தட்டினால் இரண்டு தோளும் காதுவரை ஏறிவிடும்.

"யாருய்யா அது வெறகு பொளக்கறது? சம்மட்டியா? மூணு வெள்ளி."

எனக்கு அவர் வைத்த பெயர் அது. நானும் விடவில்லை.

"எல்லாருக்கும் ஒரே மாதிரி மெஷின்தான மாஸ்டர்?"

"மெஷின் ஒண்ணுதான். அடி ஒண்ணா?"

இது போதாதென்று வாசலில் கைச் சோதனை வேறு. ஒவ்வொருவர் விரலையும் மோந்து பார்ப்பார். கடித்தால் வெல்லப்பாகு பீய்ச்சுகிற ஒண்டே-ஒண்டே உருண்டையைத் தின்றுவிட்டு வந்தவன், கீழே போய்ச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் மேலே வர முடியும். ஜன்னலோரத்தில் சிவப்பு வெல்வெட் போர்த்தி அவருடைய சொந்த மெஷின் இருந்தது. அதற்கு வெள்ளிக்கிழமைதோறும் விபூதி, குங்குமம் நடக்கும். அதை யாரும் தொடக்கூடாது. ஈ உட்கார்ந்தாலும் விரட்டுவதற்குத் துண்டோடு ஓடுவார்.

அந்தக் காலத்தில் இரண்டு பேர் சந்தித்தால் ஒரு கமிட்டி அமைத்துவிட்டுத்தான் பிரிவார்கள். எங்களுக்கும் அந்தக் காய்ச்சல் வந்தது. தேவனைத் தலைவராக்கினோம். அவன் மலாக்காச் செட்டிக் குடும்பத்துப் பையன், பக்கத்துத் தெரு. நெற்றியில் திருநீறு பளிச்சென்று இருக்கும், வாயில் மட்டும் தமிழ் வராது, வீட்டிலேயே மலாய்தான். மாஸ்டர் முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்று மலாயில் கேட்டான்:

"மாஸ்டர், டுவிட் மெசின் பெர்கி மானா?"

மெஷின் காசெல்லாம் எங்கே போகிறது என்று அர்த்தம். அவன் மலாயில் கேட்பதும் இவர் தமிழில் பதில் சொல்வதும் வழக்கந்தான். இருவருக்கும் எல்லாம் புரியும்.

"எங்க போவுது? உங்க விரலுக்குள்ளதான் போவுது."

இனி எல்லோருக்கும் ஒரே காசு, அதுவும் ஒரு வெள்ளி, அதை எப்படிச் செலவழிப்பது என்று நாங்களே ஓட்டுப்போட்டு முடிவு செய்வோம் என்றேன். சண்டைக்கு வருவார் என்று பார்த்தால், மனிதர் உள்ளே போய்க் காசு போட்டு வைத்திருந்த பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து தேவன் கையில் கொடுத்துவிட்டார்.

"மெர்டேக்கா வந்தாச்சு. நீங்களே ஆண்டுக்குங்க."

ஆண்டோம். ரிப்பன் வாங்கலாம் என்று லீலாவதி ஒருத்திதான் கை தூக்கினாள். மற்ற கைகள் எல்லாம் மேசை விசிறிக்கு உயர்ந்தன. டின் காலியானது, விசிறி வந்தது. அதைப் போட்டதும் காகிதமெல்லாம் ஜன்னல் வழியாகப் பறந்து கருவாட்டின் மேல் போய் விழுந்தது. பரீட்சை நெருங்க நெருங்க ரிப்பனில் மை செத்தது. நாங்கள் என்ன தட்டுகிறோம் என்பது எங்களுக்கும் தெரியாது, காகிதத்துக்கும் தெரியாது. மேசைமேல் இருந்த காகிதத்தை இடது முழங்கையால் அழுத்திக்கொண்டு குருட்டாம்போக்கில் தட்டிப் பழகினோம். மாஸ்டரிடம் முறையிட்டால், "கமிட்டியக் கேளு" என்று விசிறிக்கு முன்னால் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துகொள்வார்.

பரீட்சையில் மலாய்த் தாளும் உண்டு என்ற செய்தி அப்போதுதான் வந்தது. மலாயையும் இங்கிலீஷ் எழுத்தில்தான் தட்ட வேண்டும்; அதில் ஏ (A) இல்லாத வார்த்தையைத் தேடிப் பிடிக்க வேண்டும். இங்கிலீஷில் அளவாக உழைத்த எழுத்துக்கு இங்கே மாட்டு உழைப்பு. ஏ-யைத் தட்ட வேண்டிய என் இடது சுண்டுவிரலும் ஒரு சின்னச் சம்மட்டிதான். பரீட்சைக்கு முதல் நாள், ஒரு பத்தியின் நடுவே டணார் என்று சத்தம். ஏ எழுத்தின் கம்பி முறிந்து கீழே விழுந்தது.

பரீட்சைக்கு அவரவர் மெஷினை அவரவர்தான் கொண்டுபோக வேண்டும். ஆளுக்கொரு மெஷின்தான், மாற்று கிடையாது. உதிரிச் சாமான் சிங்கப்பூரிலிருந்து வர வேண்டும். வாங்கக் காசும் இல்லை. அதுதான் மேசைமேல் சுற்றிக்கொண்டிருந்ததே. அரசாங்க வேலைக்கான வயது தாண்டிவிடும் என்பதால் எனக்கு அந்தப் பரீட்சையை விட்டால் வேறு வழியில்லை. அப்பா தோட்டம் முழுக்க, "மவன் கிராணியாவப் போறான்" என்று சொல்லிவைத்திருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மாஸ்டர் திட்டவில்லை. எழுந்து போய் வெல்வெட்டை எடுத்தார். தன் மெஷினைக் குப்புறக் கவிழ்த்தார். பல் பிடுங்குகிறவர் மாதிரி இடுக்கியை உள்ளே விட்டு, அதன் ஏ கம்பியைக் கழற்றி என் மெஷினில் மாட்டினார். விபூதி வாங்கிய மெஷின் பொக்கை வாயாய் உட்கார்ந்திருந்தது. தன் காசில் வாங்கி வைத்திருந்த புது ரிப்பன்களை எல்லோர் மெஷினிலும் போட்டார்.

"மூணு வெள்ளி ஏன்னு இப்பத் தெரிஞ்சிச்சா?"

தெரிந்தது என்றேன்.

"தெரிஞ்சா சரி. மூக்கத் தொடச்சுக்க. மெஷின்ல சொட்டப் போவுது."

மறுநாள் தெங்கேராப் பக்கம் ஒரு பள்ளி மண்டபத்தில் பரீட்சை. மெஷின்கள் திரிஷா என்னும் மூன்று சக்கர சைக்கிள் வண்டியில் குடை பிடித்துக்கொண்டு போயின. மாஸ்டர் வெயிலில் கூடவே நடந்தார். மண்டபத்தில் கூரை விசிறிகள் சுழன்றதும் மற்றப் பள்ளிக்காரர்களின் காகிதம் எல்லாம் கொக்குக் கூட்டமாய்க் கிளம்பியது. எங்களுடையது ஒன்றுகூட அசையவில்லை, முழங்கை இருந்ததே. பார்க்காமல் தட்டவும் பழகியிருந்தோம். எல்லோரும் தேறினோம். "காத்துப் பயிற்சி நம்ம பள்ளியில மட்டுந்தான்" என்று மாஸ்டர் அதற்கும் பெருமை அடித்துக்கொண்டார்.

மெஷின் காசைப் பழையபடி காதே விதிக்கட்டும் என்று கமிட்டியில் நானே முன்மொழிந்தேன். தேவன் ஒத்துக்கொண்டு பதவியைத் துறந்தான். விசிறி மட்டும் நிலைத்தது.

முதல் சம்பளம் வாங்கியதும் போனேன். அவர் தட்டுகிற ரசீதுகளில் இன்னும் ஏ வரும் இடமெல்லாம் காலியாக விட்டுப் பேனாவால் நிரப்பிக்கொண்டிருந்தார். புதுக் கம்பி நான் வாங்கித் தருகிறேன் என்றேன்.

"வேணாம்பா. வாங்கித் தந்தா, சரியா வேலை செய்யுதான்னு நீயே தட்டிப் பாப்ப."

ஆபீசில் காலம் முழுக்கச் சம்மட்டியாகவே இருந்தேன். பக்கத்து மேசைக்காரர்கள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார்கள். ஆனால் ஏ வருகிறபோது மட்டும் என் சுண்டுவிரல் தானாகவே மெதுவாக இறங்கும். அது அவருடைய எழுத்து.