ட்ரையல் மாப்பிள்ளை

உலகத்தில் எந்தக் காரியத்தையும் முதல் தடவையே நிஜமாகச் செய்துவிடாத மனிதன் ஒரே ஒருவன்தான் இருக்கிறான். அவன் கள்ளக்குறிச்சியில், கச்சிராயபாளையம் ரோட்டில், ஓர் உரக்கடை மாடியில் கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருக்கும். அதை அவன் பெண்டாட்டியே மறந்திருப்பாள். ஊருக்கு அவன் 'ட்ரையல்'.

கடைகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் இணையதளம் செய்து கொடுத்துப் பராமரிப்பது அவன் தொழில். எதைச் செய்தாலும் முதலில் ஒரு ட்ரையல் பார்த்தாக வேண்டும். ஆயுத பூஜைக்கு அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லோருக்கும் பிரியாணி வாங்கி வாடா என்று அனுப்பினால், கால் பிளேட் வாங்கித் தின்றுவிட்டு, வயிறு என்ன சொல்கிறது என்று அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருப்பான். இங்கே நாங்கள் பசியில் ஒருவரை ஒருவர் கடித்துக்கொண்டிருப்போம்.

தங்கை கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால், பெண்ணழைப்புக் காரைப் பூவெல்லாம் கட்டி அலங்கரித்து, ரிஷிவந்தியத்திலிருந்து மண்டபம் வரை வெறும் காராக ஓட்டிப் பார்த்தான். அன்றைக்கு மண்டபத்தில் வேறு யார் வீட்டுக் கல்யாணமோ நடக்கிறது. பூ வைத்த கார் வாசலில் நின்றதும் மேளம் முழங்க, நாலு பெண்கள் ஆரத்தித் தட்டோடு ஓடி வந்திருக்கிறார்கள். இறங்கியது ட்ரையல் மட்டும், கையில் கடிகாரத்தைப் பார்த்தபடி. "வந்தது வந்துட்டீங்க, சுத்திடுங்க, பரவால்ல" என்று நெற்றியைக் காட்டிக்கொண்டு நின்றானாம்!

இவனிடம் போய் நான் மாட்டிக்கொண்டேன். நான் திருமணத் தகவல் மையம் நடத்துகிறவள். முன்பெல்லாம் ஜாதகங்கள் பீரோவில் இருந்தன. இப்போது அத்தனையும் இணையதளத்தில். பெண் பிள்ளைகளின் போட்டோ, அப்பாக்களின் போன் நம்பர், ராசிக் கட்டம் எல்லாம் நம்மை நம்பிக் கொடுத்தவை. அதில் ஒன்று கெட்டாலும் இந்தத் தொழிலில் என் பெயர் கெட்டது மாதிரிதான்.

போன வருஷம் வைகாசி முகூர்த்தம் நெருங்குகிற நேரத்தில், தளத்தை இயக்குகிற மென்பொருள் பழசாகிவிட்டது, உடனே புதுப்பிக்காவிட்டால் கண்டவனும் உள்ளே புகுந்துவிடுவான் என்று எச்சரிக்கை வந்தது. ட்ரையல் கடைக்கு ஓடினேன். அவன் திரையில் நீல நிறத்தில் ஒரு பட்டனும் இருந்தது. 'இப்போதே புதுப்பிக்கவும்.' அழுத்தினால் தீர்ந்தது என்று விரலைக் கொண்டுபோனேன்.

"அக்கா! கைய எடுங்க!"

ட்ரையல் போட்ட சத்தத்தில் கீழே உரம் வாங்க வந்தவர்கூட அண்ணாந்து பார்த்தார்.

"இன்னாடா? அமுக்குனு எழுதியிருக்குது, அமுக்கறேன்."

"ரயிலுலகூடத்தான் சங்கிலி தொங்குது. போறப்ப வர்றப்ப இழுத்துக்கினேவா இருக்கோம்? நகராம உக்காருங்க. இந்த ட்ரையலு இருக்கறப்ப நீங்க எதுக்குப் பயப்படறீங்க?"

பயந்தது நானா, கத்தியது நானா? சொன்னால் கேட்கிற ஜென்மமா அது!

முதலில் தளம் முழுவதையும் நகல் எடுத்தான். ஒரு நகல் அவன் கடையில். இன்னொன்று என் பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில். மூன்றாவதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பைக்கை எடுத்தான். கல்வராயன் மலைமேல், வெள்ளிமலைப் பக்கம் இருக்கிற சிநேகிதன் வீட்டில் வைக்கப் போகிறானாம்.

"மலைக்கு எதுக்குடா?"

"கீழ வெள்ளம் கிள்ளம் வந்து எல்லாம் பூட்டா, மேல ஒண்ணு இருக்கணுமில்ல?"

"மலைக்கு ஏத்தற அளவுக்கு வெள்ளம் வந்தா, அப்பறம் யாருடா கல்யாணம் பண்ணிக்குவாங்க?"

"தப்பிச்சவங்க பண்ணிக்குவாங்கக்கா. அப்ப ஜாதகம் வேணுமா வாணாமா?"

நகலை வைத்துவிட்டுச் சும்மா வந்துவிடவில்லை; அந்த நகல் சரியாகத் திறக்கிறதா என்று சிநேகிதன் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் மலை இறங்கினான்.

அடுத்து, அசல் தளத்தைத் தொடாமல், அதே மாதிரி ஒரு ட்ரையல் தளத்தைத் தனியாக உண்டாக்கி, அதில் மென்பொருளைப் புதுப்பித்தான். எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு மாப்பிள்ளையைப் பதிவு செய்தான். கற்பனைதானே, கஞ்சத்தனம் எதற்கு? அரசாங்க வேலை, ஐந்து ஏக்கர் நஞ்சை, வற்றாத கிணறு, கூடப் பிறந்தவர் யாரும் இல்லை, பீடி சிகரெட் கிடையாது, வரதட்சணை வேண்டவே வேண்டாம். போட்டோவுக்குத் தன் காலேஜ் போட்டோவைப் போட்டான்.

இங்கேதான் எமகாதகன் ஒன்றை மறந்தான். அசலில் இருந்ததெல்லாம் நகலிலும் இருந்தது, அப்பாக்களின் போன் நம்பர் உட்பட. புது வரன் பதிவானால் தளமே எல்லோருக்கும் எஸ்எம்எஸ் அனுப்பும். அதை நிறுத்தி வைக்காமல் விட்டுவிட்டான். 'உங்கள் மகளுக்கு ஏற்ற புதிய வரன்' என்று ஜில்லா முழுக்கச் செய்தி பறந்தது.

மறுநாள் காலையில் என் போன் அடுப்பில் வைத்த மாதிரி சுட்டது. வடக்கனந்தலில் ஓர் அம்மா போனிலேயே தட்டு மாற்ற நாள் கேட்டார். அதற்குள் என் மையத்து வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. எலவனாசூர்கோட்டைக்காரர், மானாவாரியில் பாடுபட்டுப் பெண்ணை எம்.எஸ்சி. படிக்க வைத்தவர், பழத்தட்டும் மச்சான்களுமாக இறங்கி உள்ளே வந்து உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து ட்ரையல் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு, முக்கால் கால்சட்டையோடு ஓடி வருகிறான். போட்டோவில் பார்த்த முகமல்லவா? அவர் பட்டென்று எழுந்து கும்பிட்டார்.

"வாங்க மாப்ள."

ட்ரையலுக்கு ஒரு விநாடி முகம் வெளுத்தது. ஆனாலும் மார்பை நிமிர்த்திக்கொண்டு சொன்னான். "நான் மாப்ள இல்லீங்க. ட்ரையல் மாப்ள."

"ட்ரையலா? எம் பொண்ணு இன்னா செருப்பாடா, போட்டுப் பாத்து வாங்கறதுக்கு?"

மச்சான்கள் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். நான் குறுக்கே விழுந்து, நடந்ததைச் சொல்லி, கும்பிடாத குறையாகக் கெஞ்சி உட்கார வைத்தேன். பிறகு ட்ரையலைப் பிடித்தேன் பாருங்கள் ஒரு பிடி! "உன்னால எங்கடைய மூடிட்டு நான் களை வெட்டப் போகணும்டா! ஏன்டா இப்ப ஓடியாந்த?"

"அத்த சொல்லத்தாங்க்கா வந்தேன். இத்த பாருங்க" என்று லேப்டாப்பைத் திருப்பினான்.

ட்ரையல் தளத்தில் எல்லாப் பெண்களின் ராசிக் கட்டமும் வெறும் கட்டமாகக் கிடந்தது. ஒருவர் ஜாதகத்திலும் ஒரு கிரகம்கூட இல்லை. சனி பகவானைக்கூட விரட்டியடித்திருந்தது அந்தப் புது மென்பொருள். எலவனாசூர்கோட்டைக்காரர் எட்டிப் பார்த்து நெஞ்சில் கை வைத்தார்.

"ஐயோ, எம் பொண்ணுக்கு குருவே இல்லியே!"

"இருக்காருங்க, அசல்ல பத்திரமா இருக்காரு" என்று ட்ரையல் அவரிடம் அசல் தளத்தைத் திறந்து காட்டினான். "கட்டம் போடறதுக்குன்னு தனியா ஒரு சின்ன மென்பொருள் சேத்திருக்கோம். அது ரொம்பப் பழசு. புதுசோட ஒத்துப்போவல. நேரா பட்டன அமுக்கியிருந்தா நெஜமாவே இப்படி ஆயிருக்கும். எஸ்எம்எஸ் வந்தது என் தப்புங்க. நான்தான் நிறுத்தியிருக்கணும். மன்னிச்சிக்கங்க."

சாக்குச் சொல்லாமல், தலை குனியாமல், அவர் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னான். அவர் தட்டிலிருந்த பழங்களைத் திரும்பப் பைக்குள் வைத்தார்.

"வேல முடியட்டும். எம் பொண்ணு கட்டம் இருக்கறபடி இருந்தா, அவ பேரும் உங்ககிட்டயே இருக்கட்டும். ஒரு கெரகம் கொறஞ்சாலும் எடுத்துக்கினு பூடுவேன். எங்க ஊருல ஒருத்தனும் உங்க படி ஏற மாட்டான்."

அவர் போன பிறகு ட்ரையல் என் நாற்காலியில் உட்கார்ந்து, செய்தி போன ஒவ்வொரு அப்பாவுக்கும் போன் போட்டான். "ட்ரையலு பேசறேங்க. அந்தப் பையன் பொய்யிங்க. தப்பு எம்மேல." திட்டு வாங்குவதற்கென்றே பிறந்தவன் மாதிரி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். பாதிப் பேர் கடைசியில், "செரி, அதே மாதிரி நெஜப் பையன் இருந்தா சொல்லுப்பா" என்றுதான் வைத்தார்கள்.

கட்டம் போட வேறொரு புது மென்பொருளைச் சேர்த்து, எஸ்எம்எஸ்ஸை நிறுத்திவிட்டு, ட்ரையல் தளத்தில் மறுபடி எல்லாவற்றையும் பார்த்தான். கிரகங்கள் வீடு திரும்பின. அசலில் செய்வதற்கு மதிய நேரத்தைக் குறித்தான். ஊரே சாப்பிட்டுத் தூங்குகிற நேரம், வரன் பார்க்க யாரும் வரமாட்டார்களாம். அன்று காலையில் புதிதாக இன்னொரு நகலும் எடுத்து வைத்தான்.

பட்டனை அவன்தான் அழுத்தினான். அப்போதுதான் கவனித்தேன். இத்தனை வாய் பேசுகிறவனின் உள்ளங்கை வேர்த்து, மவுஸ் நனைந்திருந்தது.

"பயமாடா?"

"இதுக்கு ட்ரையல் கெடையாதுல்லக்கா" என்றான்.

முதலில் எலவனாசூர்கோட்டைப் பெண்ணின் பக்கத்தைத்தான் திறந்தோம். குரு இருந்தார். சூரியன், சந்திரன், ராகு, கேது எல்லோரும் அவரவர் இடத்தில் இருந்தார்கள். எனக்கு அப்படியே அவனைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. வழக்கம்போல, "போய் மொகத்தக் கழுவிக்கினு வா, நாத்தம் தாங்கல" என்றேன்.

சாயந்திரம் எலவனாசூர்கோட்டைக்காரருக்குப் போன் செய்தேன். மகளை விட்டுப் பார்க்கச் சொல்லி, அவள் ஒவ்வொரு கட்டமாகச் சொல்லச் சொல்லக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"பேரு இருக்கட்டும்மா. அப்பறம் ஒண்ணு. கெணறு, நஞ்ச, கவருமெண்டு வேல இதெல்லாம் இல்லாட்டியும் போவுது. அன்னிக்கி நின்னு என் மூஞ்சப் பாத்து எந்தப்புன்னு சொன்னானே, அவன மாதிரி ஒருத்தன எம் பொண்ணுக்குப் பாரும்மா."

மாடியேறிப் போய் ட்ரையலிடம் சொன்னேன். காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வான், ஒரு மாதத்துக்கு வாய் ஓயாது என்று நினைத்தேன். அவனோ திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் மெதுவாகக் கேட்டான்.

"நெஜமாவா சொன்னாரு? இன்னொரு வாட்டி சொல்லுங்கக்கா."

சொன்னேன். இன்றைக்கு வந்து கேட்டாலும் சொல்வேன்.