நாங்கள் எங்கேயும் போகவில்லை

அமெரிக்காவில் பல்கலைக்கழகங்கள் எதற்காக இருக்கின்றன என்று கேட்டால், படிப்பதற்காக என்று சொல்பவர்கள் இன்னும் சிலர் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்கள் வெளியூர்க்காரர்கள். அயோவாவிலுள்ள ஹால்வர்சன் பல்கலைக்கழகத்தில் அந்தக் குழப்பம் யாருக்கும் கிடையாது. அங்கே நூலகக் கூரை ஒழுகினால் ஒரு வாளியை வைப்பார்கள். ஃபுட்பால் மைதானத்துப் பெரிய திரையில் ஒரு விளக்கு அணைந்தால் அவசரக் கூட்டம் போடுவார்கள்.

அந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குபவர் விளையாட்டுத்துறை இயக்குநர் மெர்வின் டீட்ரிக். பல்கலைக்கழகத் தலைவரைவிட அவருக்குச் சம்பளம் அதிகம், ஃபுட்பால் கோச்சைவிடக் குறைவு. அதனால் தன்னை ஒரு நடுத்தர வர்க்கத்து மனிதராகவே அவர் கருதிவந்தார்.

ஹால்வர்சன் இருந்த லீகின் பெயர் 'சமவெளி எட்டு'. அதில் பதினொரு பல்கலைக்கழகங்கள் இருந்தன. கணிதத் துறையினர் இதை ஒருமுறை சுட்டிக்காட்டினார்கள். அவர்களிடம் டீம் இல்லாததால் யாரும் பொருட்படுத்தவில்லை. இந்தப் பதினொரு பேரும், ஒருவர் மேல் ஒருவர் வைத்திருந்த அளவற்ற நம்பிக்கையின் அடையாளமாக, ஓர் உரிமை ஒப்படைப்புப் பத்திரத்தில் கையெழுத்திட்டிருந்தார்கள். அவரவர் சொந்த மைதானத்தில் நடக்கும் ஆட்டங்களை டிவியில் காட்டும் உரிமை இனி லீகுக்குச் சொந்தம். யாராவது வேறு லீகுக்குப் போனால் அபராதம் கட்ட வேண்டும், டிவி உரிமையையும் இங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். ஓடிப்போக நினைக்கிறவனின் வேட்டியை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வது போன்ற ஏற்பாடு.

பத்திரத்தை எழுதியவர் வக்கீல் பிரெஸ்காட் லூமிஸ். கையெழுத்து விழாவில் எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள். விழா நினைவாக லூமிஸ் தன் பெயரும் போன் நம்பரும் போட்ட ஃபிரிட்ஜ் காந்தங்களைக் குடும்பத்துக்கு ஒன்றாக வழங்கினார். ஒற்றுமை விழாவில் வக்கீல் நம்பர் எதற்கு என்று அப்போது யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

முதலில் ஓடியது வின்ஃப்ரி பல்கலைக்கழகம். திங்கட்கிழமை அதன் தலைவர், "சமவெளி எட்டு எங்கள் குடும்பம். நாங்கள் எங்கேயும் போகவில்லை" என்று தழுதழுத்த குரலில் அறிக்கை விட்டார். வெள்ளிக்கிழமை அவர்கள் தெற்கத்தி லீகில் இருந்தார்கள். அடுத்தது கார்ட்ரைட் கல்லூரி. "ஒருபோதும் போகமாட்டோம்" என்று அவர்கள் சொல்லும்போதே பின்னால் லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அத்துடன் இந்தத் தொழிலில் ஒரு மரபு நிலைபெற்றுவிட்டது. "யோசிக்கிறோம்" என்றால் இருக்கிறார்கள், கூடக் கொஞ்சம் காசு கேட்கிறார்கள் என்று பொருள். "நாங்கள் எங்கேயும் போகவில்லை" என்றால் பெட்டியைப் பூட்டிவிட்டார்கள். அதைக் கேட்டதும் பத்திரிகைக்காரர்கள் எந்த லீக் என்று மட்டும்தான் விசாரிப்பார்கள்.

இதில் ஒரு சின்னச் சங்கடம். உண்மையிலேயே போகும் எண்ணம் இல்லாதவர்களுக்கு, அதைச் சொல்ல ஒரு வாக்கியம்கூட மிச்சமில்லாமல் போயிற்று.

மெர்வினுக்குப் போகும் எண்ணம் கொஞ்சமும் இல்லை. காரணம் ஒரு பால்கேன். ஆற்றுக்கு அக்கரையில் டோலிவர் பல்கலைக்கழகம். ஊரெல்லாம் வான்கோழி விருந்து சாப்பிடும் நன்றித் திருநாள் நவம்பர் வியாழக்கிழமை வரும்; அதற்கு மறுநாள், வெள்ளிக்கிழமை, ஹால்வர்சனும் டோலிவரும் ஃபுட்பால் மோதும். ஜெயித்தவர்களுக்கு ஒடுங்கிப்போன ஒரு தகரப் பால்கேன் பரிசு. பழைய இரும்புக்காரனிடம் போட்டால் நாலு பேரீச்சம்பழம் தேறும். அந்த ஆட்டத்தில்தான் மெர்வினின் அப்பாவுக்கு முன்பல் போனது, மெர்வினுக்கு மூக்கு உடைந்தது. பால்கேன் ஆட்டம் என்றால் அந்த மனிதருக்கு உயிர். இதை மட்டும் நான் கிண்டலாகச் சொல்லவில்லை.

டோலிவரின் விளையாட்டுத்துறை இயக்குநர் ரஸ்ஸல் ஒப்டால், மெர்வினின் தங்கை ஜோலீனைக் கட்டியவர். ஜோலீனோ ஹால்வர்சனில் பெண்கள் வாலிபால் கோச். வீடு அக்கரையில், வேலை இக்கரையில். தினமும் பாலத்தைக் கடந்து இரண்டு ஊரிலும் துரோகி என்று பேர் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்தாள்.

அந்த வருட நன்றித் திருநாள் விருந்து வழக்கம்போல ஜோலீன் வீட்டில். வான்கோழியை அறுத்துக்கொண்டே அவள் கேட்டாள்:

"ரெண்டு பேரும் கேட்டுக்கோங்க. அடுத்த வருஷமும் இதே லீக்தானா, இல்ல மூட்டை கட்டணுமா? வேற லீகுன்னா ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பிளேன் ஏறணும். என் டீம்ல நர்சிங் படிக்கிற பொண்ணுங்க இருக்காங்க. ஆஸ்பத்திரி டூட்டி தவறிச்சுன்னா பாஸ் பண்ண முடியாது. பால்கேன் ஆட்டம் உங்க பாடு. எனக்கு என் பொண்ணுங்க பாடு."

ரஸ்ஸல் வாயிலிருந்த கிரேவியைத் துடைத்துக்கொண்டார். "எங்க பக்கம் ஒண்ணுமில்ல. நாங்க எங்கேயும் போகல."

மெர்வினின் முள்கரண்டி பாதியில் நின்றது.

"எங்கேயும் போகலியா, மாப்ளே?"

"எங்கேயும் போகல, மச்சான்."

"நெசமாவா?"

"சத்தியமா."

சத்தியம் வரைக்கும் வந்துவிட்டதா என்று மெர்வின் முள்கரண்டியைக் கீழே வைத்தார். கார்ட்ரைட்கூட 'ஒருபோதும்' என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். ரஸ்ஸல் சொன்னது கலப்படமில்லாத உண்மை. டோலிவரைக் கூப்பிட வேண்டும் என்று எந்த லீகுக்கும் அதுவரை தோன்றவே இல்லை. ஆனால் உண்மையைக் கேட்டுப் பழக்கமில்லாத துறையில் மெர்வின் இருபது வருடம் குப்பை கொட்டியவர். கலவரத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார்.

"நாங்களும்தான், மாப்ளே. ஹால்வர்சன் எங்கேயும் போகல."

ரஸ்ஸலுக்குப் புரையேறியது.

"அப்பாடா" என்றாள் ஜோலீன். "உருளைக்கிழங்கு யாருக்கு?"

யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. கார் டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று மெர்வின் கராஜுக்குப் போனார். ரஸ்ஸல் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டார்.

கராஜிலிருந்து மெர்வின் லூமிஸுக்குப் போன் போட்டார்.

"மிஸ்டர் லூமிஸ், டோலிவர் போகுது."

"யார் சொன்னா?"

"போகலன்னு ரஸ்ஸலே சொன்னான். சத்தியம் பண்றான் சார்."

"சத்தியமா? அப்ப புது லீகுக்குச் சட்டையே தைச்சாச்சு."

"அவங்க போய்ட்டா நாங்க தனியா நின்னு என்ன பண்றது? பத்திரத்தை உடைக்கவே முடியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"முடியவே முடியாது. நானே எழுதினது. அதனாலதான் அதை உடைக்க என் ஃபீஸ் கொஞ்சம் கூட. ஒரு நிமிஷம் இருங்க, இன்னொரு கால் வருது."

அந்த இன்னொரு கால் அதே வீட்டுக் குளியலறையிலிருந்து வருகிறது என்பதை, தொழில் தர்மம் கருதி, லூமிஸ் வெளியிடவில்லை.

ஹால்வர்சனுக்கு இடம் கொடுக்க அட்லாண்டிக் கடலோர லீக் முன்வந்தது. அதன் ஆணையர் பெவர்லி கான்வேயுடன் நடந்த பேச்சுவார்த்தையில் மெர்வின் ஒரு தயக்கத்தைத் தெரிவித்தார்.

"மேடம், அயோவால கடல் கிடையாது."

"மழை பெய்யுமா?"

"பெய்யும்."

"அந்தத் தண்ணி எங்க போகுது?"

"ஆத்துக்கு."

"ஆறு?"

"கடலுக்கு."

"அப்புறம் என்னங்க. எந்தக் கடலுங்கிறத பின்னால பேசிக்கலாம்."

நிபுணர் குழு ஒன்று இதை ஆராய்ந்து, ஹால்வர்சன் நீரியல் அடிப்படையில் ஒரு கடலோரப் பல்கலைக்கழகமே என்று அறிக்கை அளித்தது. அதே ஆற்றின் மறுகரையிலிருந்த டோலிவர், பசிபிக் லீகில் சேர்ந்தது. அங்கே மழையைப் பற்றி விசாரிக்கவில்லை. உங்கள் ஊரில் சூரியன் மேற்கேதான் மறைகிறதா என்று மட்டும் கேட்டார்கள்.

இரண்டு பல்கலைக்கழகங்களும் ஒரே நேரத்தில் அறிவித்தன. மற்றவர்கள், கடைசியாகக் கதவைச் சாத்துகிறவன் முட்டாள் என்று விழுந்தடித்து ஓடினார்கள். சமவெளி எட்டில் ஒருவர்கூட மிச்சமில்லை. அதன் ஆணையர் மட்டும் தம் ஒப்பந்தக் காலம் முடியவில்லை என்று ஆபீஸ் வந்துகொண்டிருந்தார். உறுப்பினர்களிடையே கருத்து வேறுபாடு அறவே நீங்கியதற்காக அவருக்கு விதிப்படி ஊக்கத்தொகை வழங்கப்பட்டது.

பத்திரம் செல்லும் என்று கோர்ட் தீர்ப்புச் சொன்னது. ஆக, ஹால்வர்சன் சொந்த மைதானத்தில் ஆடினால், அதை டிவியில் காட்டும் உரிமை ஆளே இல்லாத ஒரு லீகுக்குச் சொந்தம். லூமிஸ் அந்தப் பத்திரத்தில் தானே வைத்திருந்த ஓட்டையைத் தானே கண்டுபிடித்தார். சொந்த மைதானத்தில் ஆடினால்தானே வம்பு? ஆடாதீர்கள். அன்றுமுதல் ஹால்வர்சனின் எல்லா ஆட்டமும் வெளியூரில். உள்ளூர் மைதானத்துப் பெரிய திரை, நல்ல பராமரிப்பில், யாருமற்ற நாற்காலிகளுக்குப் பல்கலைக்கழகக் கீதத்தை ஒளிபரப்பிக்கொண்டிருந்தது. தொலைநோக்குக்காக மெர்வினுக்கு விருது கொடுத்தார்கள்.

பால்கேன் ஆட்டத்துக்கு இரண்டு லீக் அட்டவணையிலும் இடமில்லை. ஊர் கொதித்தது. 'பால்கேனைக் காப்பாற்று' என்று பனியன் அச்சடித்து, இரண்டு ஊர் ஜனமும் பாலத்தின் மேல் நின்று கோஷம் போட்டார்கள். பெரிய டீம்களின் ஆட்டம் டிவியில் தொடங்கும் நேரம் ஆனதும் ஒழுங்காகக் கலைந்து போனார்கள்.

அடுத்த நன்றித் திருநாளுக்கு வான்கோழி இல்லை. ஜோலீன் ஏர்போர்ட்டிலிருந்து நேராக வந்தாள். பெட்டியை வாசலோரம் நிறுத்திவிட்டு, வழியில் வாங்கிய பொரித்த கோழி டப்பாவை மேசை மேல் வைத்தாள்.

"பொண்ணுங்க எப்படி இருக்காங்க?" என்று மெர்வின் கேட்டார்.

"வாரத்துல மூணு நாள் ஆகாயத்துல இருக்காங்க. போன வாரம் பிளேன்ல ஒருத்தருக்கு நெஞ்சுவலி. என் பொண்ணுங்கதான் பாத்தாங்க. அதையே ஆஸ்பத்திரி டூட்டியா எடுத்துக்கச் சொல்லி எழுதிக் கேட்டிருக்கேன்."

"என்ன சொன்னாங்க?"

"பிளேன் எந்த மாநிலத்து மேல பறந்துச்சுன்னு கேட்டிருக்காங்க."

கொஞ்ச நேரம் எல்லாரும் கோழியைக் கடித்தார்கள். மறுநாள் வெள்ளிக்கிழமை. ஆட்டம் இல்லாத வெள்ளிக்கிழமை.

"ஒண்ணு கேக்கட்டுமா, மாப்ளே. போன வருஷம் போறதுன்னு நீங்க எப்ப முடிவு பண்ணீங்க?"

"நீங்க போறீங்கன்னு தெரிஞ்சதும்."

"நாங்க போறோம்னு யார் சொன்னது?"

"நீங்கதான், மச்சான். இதே மேசையில. போகலன்னு சொன்னீங்களே."

"நீ போகலன்னு சொன்னதாலதானே நான் சொன்னேன்."

"நான் நெசமாத்தான் சொன்னேன்."

ஜோலீன் எலும்பைத் தட்டில் போட்டாள். "உங்க ரெண்டு பேருக்கும் சோறு போட்ட கைய நான் என்ன பண்றது?"

மெர்வினின் கண் நிறைந்துவிட்டது. ஒரு தடவையாவது சரிசெய்துவிட வேண்டும் என்று டிவி சேனலின் டாரல் ஸ்பிங்குக்குப் போன் போட்டு, எல்லாரும் கேட்கும்படி மேசை மேல் வைத்தார். லீக் வேண்டாம், பொதுவான ஒரு மைதானத்தில் பால்கேன் ஆட்டம் மட்டும் நடக்கட்டும், சேனல் காட்டுமா என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார்.

"யார் பாப்பாங்க, சார்?" என்றது போன்.

"ரெண்டு ஊரும் பாக்கும். பனியன் போட்டுட்டுப் பாலத்துல நிக்கிறாங்களே, பாக்கல?"

"கடைசி பால்கேன் ஆட்டத்தன்னிக்கு உங்க ரெண்டு ஊர் டிவியிலயும் என்ன ஓடுச்சுங்கிற கணக்கு எங்ககிட்ட இருக்கு, சார். பத்து வீட்டுல ஒம்பது வீடு, தெற்கே நடந்த பெரிய ஆட்டத்தப் பாத்தாங்க."

"எங்க ஜனம் மைதானத்துக்கு வந்திருக்கும்."

"மைதானத்துல உங்க அறையில ஒரு டிவி இருக்கு பாருங்க. அதுலயும் அதே ஆட்டம்தான் ஓடுச்சு."

மெர்வின் போனை அணைத்தார். "இடைவேளையில மட்டும்தான் பாத்தேன்" என்றார், யாரையும் பார்க்காமல். ரஸ்ஸல் கோழி டப்பாவுக்குள் கையை விட்டுத் துழாவினார். அவர் அறையிலும் ஒரு டிவி இருந்தது.

மெர்வினுக்கு மனசு விட்டுப்போயிற்று. தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீயாவது இருப்பியாம்மா? நாங்க பண்ணின கூத்துக்கு நீ என்ன பண்ணினாலும் தகும்."

ஜோலீன் களைத்துப்போயிருந்தாள். ஆனாலும் அவள் நல்லவள். அண்ணனைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள்.

"பொண்ணுங்கள விட்டுட்டு எங்கண்ணே போறது? இவர விட்டுட்டுத்தான் எங்க போறது? நான் எங்கேயும் போகல."

மெர்வின் தங்கையின் கையை விட்டார். ரஸ்ஸலுக்குப் புரையேறியது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மெர்வினுக்குக் கார் டயர் ஞாபகம் வந்தது. கராஜ் கதவைச் சாத்தும்போது, குளியலறையில் குழாய் திறக்கும் சத்தம் அவருக்குக் கேட்டது.

"மிஸ்டர் லூமிஸ், எனக்கு உடனே ஒரு புது வாலிபால் கோச் வேணும். ஒப்பந்தம் தயார் பண்ணுங்க."

"செஞ்சிடலாம். ஒரு நிமிஷம் இருங்க, இன்னொரு கால் வருது."

அது யார் என்று இந்த முறை மெர்வினுக்குத் தெரியும். பாவம் ரஸ்ஸல், விவாகரத்து என்றால் சும்மாவா. காத்திருந்தார். லூமிஸ் திரும்பி வந்தார்.

"மன்னிக்கணும், இன்னும் ஒரு நிமிஷம். மூணாவதா ஒண்ணு வருது."

மெர்வின் கராஜ் கதவை லேசாகத் திறந்து எட்டிப்பார்த்தார். டிவியில் தெற்கத்தி டீம்களின் பெரிய ஆட்டம் தொடங்கியிருந்தது. அதைப் பார்த்தபடி ஜோலீன் ஃபிரிட்ஜ் பக்கத்தில் நின்றிருந்தாள். ஒரு கையில் லூமிஸ் நம்பர் போட்ட அந்தக் காந்தம், மறுகையில் போன்.