கம்ப்யூட்டருக்குள் நான் வைத்த பல்பு

வெட்கப்படுகிறவர்கள் பாவம், அவர்களால் யாருக்கும் கெடுதல் வராது என்று ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது. சுத்தப் பொய். வாயாடி ஒருத்தி கிறுக்குத்தனம் செய்யப் போகிறாள் என்றால் நாலு நாள் முன்னாலேயே நாலு வீட்டில் சொல்லிவிடுவாள். யாராவது "வேண்டாம்டி" என்று தடுத்துவிடுவார்கள். வாயே திறக்காத என்னை யார் தடுப்பது? என் போன்றவர்கள் சத்தமில்லாமல் செய்து முடித்துவிட்டு, கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வோம்.

நான் படித்தது அஞ்சாவது வரைக்கும். (அதுவும் எஸ்டேட் பள்ளிக்கூடம். பெருமழை பெய்தால் லீவு. எங்கள் மலையில் மழைக்கா பஞ்சம்?) அதனால் என் எழுத்து முன்னே பின்னே இருக்கும். புத்தி அதைவிட மோசம் என்பது போகப் போகத் தெரியும்.

நாலு வருஷம் முந்தி நடந்தது. குன்னூரிலிருந்து கோத்தகிரி போகிற ரோட்டில் எங்கள் வீடு. நானும் வீட்டுக்காரரும் டீ பேக்டரியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர்கள். அவர் மிஷின் பிட்டர், நான் தூள் சலிக்கிற பகுதி. மகன் மசினகுடியில் ஜீப் ஓட்டுகிறான், வாரத்துக்கு ஒரு நாள் வருவான். மற்ற நாளெல்லாம் வீட்டில் நாங்கள் இரண்டு பேரும், மருமகள் கலாவும்.

கலா இங்கிலீஷ் பி.ஏ. படித்தவள். டாக்டர்கள் பேசி அனுப்புவதைக் காதில் கேட்டு டைப் அடித்துக் கொடுக்கிற வேலை ஒன்று, சென்னைக் கம்பெனியில், வீட்டிலிருந்தே செய்யலாம் என்று வந்தது. அதற்கு ஒரு பரீட்சை. அதுவும் கம்ப்யூட்டரிலேயே. அது கிடைக்காவிட்டால் கோயமுத்தூரில் ஹாஸ்டலில் தங்கி ஏதோ ஆபீஸ் வேலைக்குப் போவதென்று அவள் முடிவு செய்திருந்தாள்.

அவள் போய்விட்டால் அந்த மனிதருடன் நான் தனியாக இருக்க வேண்டும். இலை காய வைக்கிற பேக்டரி டிரையரை அவர் எப்படி ரிப்பேர் செய்தார் என்பதை ஒரு நாளைக்கு மூன்று தடவை சொல்வார். "சரிங்க மாமா, சோறு ஆறுது" என்று பாதியில் நிறுத்தும் தைரியம் கலாவுக்குத்தான் உண்டு. முப்பத்தெட்டு வருஷமாக எனக்கு வரவில்லை. ஆகவே அவளுக்கு அந்த வேலை கிடைத்தே ஆக வேண்டும் என்பதில் அவளைவிட நான் குறியாக இருந்தேன்.

வீட்டிலிருந்த கம்ப்யூட்டர் பழசு. மெமரி போதாது, கூட்டிப் போட வேண்டும் என்று கம்பெனியில் சொன்னார்களாம். குன்னூர் மார்க்கெட் பக்கம் கடை வைத்திருக்கிற பிரகாஷ் என்கிற மெக்கானிக் வந்தார். நாற்பது வயசிருக்கும். பத்தடி தள்ளி நிற்கிற ஆள் தெரியாத பனி மிஸ்டில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். பெட்டியின் பக்கவாட்டுத் தகரத்தைக் கழற்றி, விரல் நீளத்தில் பச்சைப் பட்டை ஒன்றை உள்ளே அழுத்தினார். அதுதான் மெமரியாம். தகரத்தைத் திரும்ப மாட்டியவர் ஸ்க்ரூவைப் போடவில்லை. போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னார்.

"இந்த ஊரு ஈரத்துக்கு இதெல்லாம் எத்தன நாளைக்குங்க? ஈரந்தானுங்க இதுக்கு எமன்."

சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. ஈரமா? ஈரத்தைப் பற்றி இந்த உலகத்தில் என்னைவிடத் தெரிந்தவள் யார்? சலிக்கிற இடத்தில் முப்பத்தோரு வருஷம். தூளைக் கையில் அள்ளினால் ஈரம் ஏறிவிட்டதா இல்லையா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பேக்டரிக்கே பெரியவரான டீமேக்கரே என்னைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். (ஒரு தடவை. இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.)

எங்கள் மலையில் மழைக்காலத்தில் துணி பூஞ்சை பிடிக்காமலிருக்க பீரோவுக்குள் ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டு எரிய வைப்போம். எல்லா வீட்டிலும் உண்டு. பட்டுச் சேலைக்கே பல்பு வைக்கிறோம், அத்தனை விலை கொடுத்த கம்ப்யூட்டருக்கு வைக்கக் கூடாதா? அன்று சாயந்திரம் மற்ற இரண்டு பேரும் டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது, பீரோவில் இருந்த நாற்பது வாட்ஸ் பல்பை வயரோடு கழற்றி, பெட்டித் தகரத்தை நகர்த்தி உள்ளே வைத்து மூடிவிட்டேன். பெட்டி உள்ளறையில் இருந்தது, அந்தி சாய்ந்தால் அங்கே யாரும் போக மாட்டார்கள். கரண்ட் பயம் எனக்கு அதிகம். அதனால் கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு, பல்பின் பிளக்கைச் செருகினேன். காலையில் கலா எழுவதற்குள் பல்பை எடுத்துவிட்டு, கம்ப்யூட்டர் பிளக்கைத் திரும்பச் செருகினேன். செருகினேன் என்றா சொன்னேன்? ஷாக் அடிக்குமோ என்று இரண்டு விரலால் பிடித்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, பாதி வரைக்கும் தள்ளிவிட்டு ஓடி வந்தேன். அன்றிலிருந்து தினமும் இதேதான்.

ஒருத்தரிடமும் சொல்லவில்லை. செய்வதைச் சொல்லிக்காட்டுவது எனக்குப் பிடிக்காது. (என்ன ஒரு தன்னடக்கம்!)

மூன்றாம் நாள் கலா டைப் அடித்துக்கொண்டிருக்கும்போதே மிஷின் பொசுக்கென்று அணைந்தது. மறுநாளும் இரண்டு தடவை.

பிரகாஷ் வந்து பார்த்தார். "பவர் சப்ளை பத்தலைங்க மேடம். மெமரிய ஏத்துனோமில்ல, பழைய டப்பா தாங்கலை" என்று பெட்டிக்குள்ளிருந்த கரண்ட் டப்பாவையே மாற்றிப் புதுசு போட்டார்.

"எர்த் சரியில்லீங்க தம்பி. டிரையர்ல இதே மாதிரிதான்..." என்று வீட்டுக்காரர் ஆரம்பித்தார்.

"ஐயா, இது டிரையர் இல்லீங்க."

"எல்லாம் ஒரே கரண்ட்டுதானே?"

இரண்டு மேதைகளும் அரைமணி நேரம் சண்டை போட்டார்கள். பிளக் சரியாகச் செருகியிருக்கிறதா என்று ஒருத்தரும் குனிந்து பார்க்கவில்லை. ஒருவரைப் படிப்பு தடுத்தது, இன்னொருவரை அனுபவம் தடுத்தது.

இரண்டு நாளில் மிஷின் புது வித்தை காட்டியது. அணைவது போதாதென்று, திரையில் ஒன்றும் வராமல் பீப், பீப், பீப் என்று அழுதது. பிரகாஷ் மெமரிப் பட்டையை வெளியே எடுத்து, கலா பென்சிலுக்கு வைத்திருந்த ரப்பரால் அதன் மஞ்சள் ஓரத்தைத் தேய்த்தார். திரும்ப அழுத்தினார். ஓடியது. மறுநாள் பீப். பழைய பட்டையை மட்டும் போட்டுப் பார்த்தார், புதுசை மட்டும் போட்டுப் பார்த்தார், இடம் மாற்றிப் போட்டார். அவர் கை பட்டால் ஓடும், ஒரு ராத்திரி போனால் பீப். கடைக்குத் தூக்கிப்போய் இரண்டு நாள் வைத்திருந்து கொண்டுவந்தார்.

"அங்க குதிரை மாதிரி ஓடுதுங்க. உங்க ஊட்லதான் ஏதோ இருக்குது."

"பேயா?" என்றாள் கலா எரிச்சலாக.

"ஈரங்க மேடம். அதா பாருங்க, மெமரியப் புடிக்கிற கிளிப்பே வளைஞ்சு கெடக்குது. பட்டை மேல எந்திரிச்சுக்குது. எல்லாம் ஈரம்."

பிளாஸ்டிக் ஈரத்தில் வளையுமா என்று கேட்கிற அறிவு அந்த வீட்டில் ஒருத்தருக்கும் இல்லை. எனக்கோ குற்ற உணர்ச்சி. ஐயோ, நாற்பது வாட்ஸ் போதவில்லையே! அன்றைக்கே அறுபதுக்கு மாறினேன். பீப் நிற்கவில்லை என்றதும் நூறு. இதற்கிடையில் பீரோவில் பல்பு இல்லாமல் வீட்டுக்காரரின் வேட்டியெல்லாம் பூஞ்சை பூத்து நின்றது. "என்ன புள்ள இது, கருவாட்டு நாத்தம்?" என்று கேட்டார். மழை ஜாஸ்தி என்றேன்.

பரீட்சைக்கு முதல் நாள் பிரகாஷ் வந்து அந்தக் கிளிப்பை நூலால் கட்டிவிட்டுப் போனார். அன்று சாயந்திரமும் நான் நூறு வாட்ஸைத் தவறாமல் வைத்தேன். பரீட்சையன்று காலை கம்ப்யூட்டர் பிளக்கைச் செருகிவிட்டுப் பல்பை எடுக்கப் போன நேரம், "சுடுதண்ணி எங்க புள்ள?" என்று வீட்டுக்காரர் கத்தினார். போனேன். போனவள் பல்பை மறந்தேன்.

பத்து மணிக்குப் பரீட்சை. மேற்பார்வை பார்க்கிற அம்மாள் ஒருத்தர் சென்னையிலிருந்து திரையில் வந்தார். கலா கேமராவைச் சுழற்றி அறை முழுக்கக் காட்டினாள். அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது, இருந்தால் பரீட்சை ரத்து என்று அவர் சொன்னது எனக்கும் கேட்டது. கதவு கிடையாது, ஒரு திரைச்சீலைதான். அதன் இடுக்கு வழியாகச் சும்மா எட்டிப் பார்த்தேன். மேசைக்கடியில் இருந்த பெட்டியின் ஓட்டைகளிலெல்லாம் மஞ்சள் வெளிச்சம் ஜொலித்தது, தேர்த் திருவிழாக் கடை மாதிரி.

ஓடுகிற மிஷினுக்குள் நூறு வாட்ஸ்! திரைச்சீலைக்கு இந்தப் பக்கமிருந்தே கலாவைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் வைத்தது தெரிந்துவிடுமே! அதனால் வெட்கப்படுகிறவள் செய்வதைச் செய்தேன். ஸ்வெட்டரும் தலையில் ஸ்கார்ப்புமாக, அறுபத்தாறு வயசில், தரையில் தவழ்ந்தேன்.

கேமராவுக்கு அகப்படாமல் சுவரோரமாகவே போய் மேசைக்கடியில் நுழைந்துவிட்டேன். என் முழங்கால் இரண்டும் மடக் மடக் என்றது, கலா காதில் ஹெட்போன் மாட்டியிருந்ததால் கேட்கவில்லை. பிளக்கைத் தேடிக் கையை நீட்டும்போது ஸ்கார்ப் அவள் பாதத்தில் உரசிவிட்டது.

"ஐயோ எலி!" என்று அலறிக் காலைத் தூக்கினாள். முழங்கால் மேசையில் இடித்தது. திரையின் தலையில் உட்கார்ந்திருந்த கேமரா நழுவி, வயரில் தொங்கிக்கொண்டு, நேராக என் முகத்துக்கு எதிரில் வந்து நின்றது.

அந்தச் சின்னக் கண்ணைப் பார்த்ததும் எனக்கு வந்ததே ஒரு வெட்கம்! முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். திருடப் போய் மாட்டிக்கொண்டவளும் அதைத்தானே செய்வாள்? முகத்தை மூடிய கையோடு மறு கையால் பிளக்கைப் பிடுங்கினேன். கறுப்புப் பிளக் இரண்டு இருந்தன. நான் எதைப் பிடுங்கியிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும்.

திரை இருட்டாயிற்று. கலா குனிந்து பார்த்தாள்.

"அத்தை?"

நான் முந்தானையை இன்னும் கீழே இழுத்துக்கொண்டேன்.

"அத்தை, மிஷினு ஆப் ஆயிருச்சு. உள்ள லைட்டு மட்டும் எப்படி எரியுது?"

சத்தம் கேட்டு வந்த வீட்டுக்காரர் தகரத்தை நகர்த்தினார். ஒரு நிமிஷம் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். "இது நம்ம பீரோ ஹோல்டர் ஆச்சே" என்றார்.

அதற்குள் கலாவின் போன் அடித்தது. அந்த அம்மாள்தான். கலா ஸ்பீக்கரில் போட்டாள். ஒளிந்திருந்து பதில் சொல்லிக்கொடுக்க ஆள் வைத்திருக்கிறீர்கள், பரீட்சை ரத்து என்றார்.

"இல்லீங்க மேடம், அது எங்க அத்தைங்க!"

"முகத்தை மூடிட்டு மேசைக்கடியில எந்த அத்தை இருப்பாங்க? எங்க, அவங்ககிட்ட குடுங்க."

கலா போனை மேசைக்கடியில் நீட்டினாள். அவள் கண்ணில் தண்ணீர் முட்டி நின்றது. அதுவரைக்கும் நான் வெளியாள் ஒருத்தரிடமும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசியதில்லை. ரேஷன் கடையில்கூடக் கார்டை நீட்டிவிட்டு நிற்பேன்.

அந்த அம்மாள் இங்கிலீஷில் நீளமாக ஏதோ கேட்டார்.

"ஏனுங்க?" என்றேன்.

"நீங்க யாரும்மா? என்ன படிச்சிருக்கீங்க?"

"அஞ்சாவதுங்க."

"மேசைக்கடியில என்ன பண்ணீங்க?"

"பல்பு எடுக்கப் போனேனுங்க."

"என்ன பல்பு?"

அவ்வளவுதான், எனக்கு எங்கிருந்து வந்ததோ! ஈரம், பூஞ்சை, நாற்பது, அறுபது, நூறு, பாதி செருகிய பிளக், சுடுதண்ணி எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினேன். "அவளுக்கு ஒன்னுமே தெரியாதுங்க. நாந்தானுங்க எல்லாங் கெடுத்தேன். அவ கோயமுத்தூரு போயிட்டா நான் இந்த மனுசனோட தனியா இருக்கோணுங்க!"

மனுசன் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

அந்தப் பக்கம் சிரித்த சிரிப்பில் போனே அதிர்ந்தது. ஒருத்தர் சிரிப்பு இல்லை, நாலைந்து பேர் சிரிப்பு. அங்கேயும் ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தார்களாம்.

இரண்டு நாள் கழித்துத் திரும்பப் பரீட்சை வைத்தார்கள். அதற்குள் பிரகாஷ் வந்து, பல்புச் சூட்டில் வெந்து வளைந்துபோன கிளிப் பக்கம் போகாமல் வேறு இடத்தில் மெமரியை மாட்டினார். கலா பிளக்கை முழுசாக அழுத்தினாள். அதன் பிறகு அந்த மிஷின் ஒரு நாளும் அழவில்லை. விஷயம் தெரிந்ததும் பிரகாஷ் கறுப்புக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "நான் அப்பவே சூடுன்னு சந்தேகப்பட்டனுங்க" என்றார். வெட்கமில்லாதவர்கள் உலகத்தில் என்னைவிட நிம்மதியாக இருக்கிறார்கள்.

கலாவுக்கு வேலை கிடைத்தது. இன்றைக்கும் அவள் கம்ப்யூட்டரில் மீட்டிங் பேச உட்கார்ந்தால், நான் பார்த்தேயிராத ஆட்கள், "அத்தை கீழ இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் வேலையை ஆரம்பிக்கிறார்கள்.

போன சீசனில் அந்த மேற்பார்வை அம்மாள் குடும்பத்தோடு ஊட்டி பார்க்க வந்தவர், எங்கள் வீட்டுக்கும் வந்தார். கார் சத்தம் கேட்டதுமே நான் சமையலறைக்குப் போய்விட்டேன். அவருடைய மகள், அஞ்சு வயசுக் குழந்தை, செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக உள்ளறைக்கு ஓடி, மேசைக்கடியில் குனிந்து பார்த்தது.

"அம்மா, இங்க யாருமே இல்ல!"

வீட்டுக்காரர் சாவகாசமாகச் சொன்னார்: "இன்னைக்கு அவளுக்கு லீவு, கண்ணு."