ஆறு மணி வயிற்றுவலி

786

பாலக்கரை, திருச்சி
17-11-1954

வையம்பட்டி கடலை மண்டி ஜனாப் முகம்மது கனி மச்சான் அவர்களுக்கு, பாலக்கரையிலிருந்து அப்துல் சுக்கூர் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே அல்லாஹ்வின் கிருபையால் அனைவரும் சுகம் என்று எழுதுவது வழக்கம். பேனாவும் பழக்கதோஷத்தில் அப்படித்தான் ஓடப் பார்த்தது, இழுத்துப் பிடித்திருக்கிறேன். உங்கள் தங்கச்சி மஜீதா மட்டும் தேறி வருகிறாள். இருமல் பாதியாகிவிட்டது, சாயங்காலக் காய்ச்சல் இல்லை, போன வாரம் என்னோடு ஒரு முழுச் சண்டை போடும் அளவுக்குத் தெம்பு வந்திருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ். உங்கள் வீட்டில் சாரா பீவியும் பிள்ளைகளும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

மச்சான், இதை உட்கார்ந்து படிக்கவும். நின்றுகொண்டு படித்தால் அப்படியே பஸ் ஏறிவிடுவீர்கள். நீங்கள் மூன்று தடவை திருச்சிக்கு வந்து, ஸ்ரீரங்கம் ராகவலு நாயுடு கையைப் பிடித்து எனக்கு வாங்கிக் கொடுத்த மருந்துக்கடை வேலையை நான் போன வியாழக்கிழமை விட்டுவிட்டேன். மஜீதாவுக்கு இன்னும் தெரியாது. கடையில் ஸ்டாக் எடுக்கிறார்கள், லீவு என்று சொல்லியிருக்கிறேன். எந்தக் கடையில் ஸ்டாக் எடுக்கும்போது ஆளை வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று அவள் கேட்கவில்லை. அவள் கேட்காமல் இருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். தோல் மண்டியில் இருபத்திரண்டு வருஷம் கணக்கெழுதிவிட்டு, மண்டியை மூடினதும் தெருவில் நின்றவன் நான். மருந்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? கடையில் சேர்ந்த முதல் வாரம் நான் கண்டுபிடித்தது, திருச்சி ஜனங்களுக்கு வயிறு சரியில்லை என்பது. காலையில் யாருக்கும் ஒன்றுமில்லை. பகலில் தலைவலி, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று இரண்டொருவர் வருவார்கள். ஆறு மணிக்கு மஃரிபு தொழுதுவிட்டு நான் திரும்பி வந்தால், மூட்டை தூக்குகிறவர்கள், வண்டிக்காரர்கள், கொத்தனார்கள் என்று முப்பது நாற்பது பேர் நிற்பார்கள். எல்லோருக்கும் வயிற்றுவலி. எல்லோருக்கும் இஞ்சி டிங்சர். கூலி கொடுக்கும் சனிக்கிழமையில் வலி இன்னும் கடுமையாகிவிடும், வரிசை தெருமுனை வரைக்கும் போகும். குழாய்த் தண்ணீரில்தான் ஏதோ கோளாறு என்று முடிவு செய்து, முனிசிபாலிட்டிக்கு ஒரு மகஜர் எழுதி நாயுடுவிடம் கையெழுத்துக்கு நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். “கையெழுத்து ரொம்ப அழகா இருக்கு பாய். அடுத்த மாசம் அனுப்பலாம்” என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நானும் சும்மா இருக்காமல் வந்தவர்களுக்கெல்லாம் மோர் குடிக்கச் சொன்னேன், காரத்தைக் குறைக்கச் சொன்னேன், ஓமத்தண்ணி எப்படிப் போடுவது என்று விளக்கினேன். “சரிங்க பாய், சரிங்க பாய்” என்று பணிவாகக் கேட்டுக்கொண்டார்கள். அந்தப் பணிவை நினைத்தால் இப்போது எனக்குக் காது சிவக்கிறது.

கடைக்கு எதிரே சோடா வண்டி போட்டிருக்கும் அம்மாசிதான் விஷயத்தை உடைத்தான். ஒரு நாள் தாகத்துக்கு சோடா கேட்டேன். “கலந்ததாங்க, கலக்காததாங்க?” என்றான். எதைக் கலப்பது என்று கேட்டேன். “என்ன பாய், நீங்க விக்கிறதைத்தான்! மதுவிலக்கு வந்ததுலேர்ந்து சாராயம் ஏது? உங்க டிங்சர் அம்புட்டும் ஸ்பிரிட்டு. ஒரு புட்டியை சோடால ஊத்திக் குடிச்சா வீடு போய்ச் சேர்ற வரைக்கும் கவலை இல்ல. நெசமாவே வயித்துவலின்னா நெனச்சீங்க?” என்று அவன் சிரித்த சிரிப்பில் இரண்டு கோலி சோடா கீழே விழுந்து உடைந்தது. அதற்கும் என்னிடம் காசு கேட்டான்.

ஹராமான சரக்கை என் கையாலேயே எடுத்து எடுத்துக் கொடுத்திருக்கிறேன், மச்சான். அன்றைக்கே நாயுடுவிடம் போய் நின்றேன். நாயுடு கெட்டவர் இல்லை. பெருமாளைச் சேவிக்காமல் ஸ்ரீரங்கத்தை விட்டுக் கிளம்பமாட்டார், கதர் தவிர வேறு உடுத்தமாட்டார், மதுவிலக்குப் பிரச்சாரக் கமிட்டியில் வேறு மெம்பர். “நாம மருந்துதானே பாய் விக்கிறோம்? அளவா குடிக்கிறதும் அளவில்லாம குடிக்கிறதும் வாங்கினவன் பாடு” என்றார். சொல்லிக்கொண்டே அலமாரியைத் திறந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தார். “நாளைக்கு ஊசி நாளாச்சே. மறந்துட்டுப் போயிடாதீங்க.” மஜீதாவின் டி.பி.க்கு ஒருநாள் விட்டு ஒருநாள் போடும் ஊசி மருந்து. வெளியே வாங்கினால் என் சம்பளம் பத்து நாளைக்குக் காணாது. நாயுடு கொள்முதல் விலைக்குக் கொடுத்துச் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறார். மறுநாளும் வேலைக்குப் போனேன். காரணத்தை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை, அது உங்கள் கூடப் பிறந்தது.

ஆனால் மனசுக்கு ஒரு சமாதானம் வேண்டுமே. நானே ஒரு சட்டம் போட்டேன். யார் வந்தாலும் “எங்கே வலிக்குது?” என்று கேட்பேன். வயிற்றில் கை வைத்துக் காட்டினால்தான் புட்டி. காட்டினவனுக்குக் கொடுத்தால் அது மருந்து, காட்டாதவனுக்குக் கொடுத்தால்தான் பாவம். இது சரியா என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரோ என்று பயம். முதல் நாள் பாதிப்பேர் திணறினார்கள். ஒருவன் முழங்காலைக் காட்டினான். ஒருவன் நெஞ்சைக் காட்ட, “அதுக்குப் பேரு வயிறா?” என்று திருப்பி அனுப்பினேன். பத்தே நாளில் அம்மாசி சோடா வண்டியில் பள்ளிக்கூடம் திறந்துவிட்டான். கையைத் தொப்புளுக்குக் கீழே வை, கொஞ்சம் குனி, மூஞ்சியைச் சுளி, பாய் ஒண்ணும் சொல்லமாட்டாரு. அப்புறம் வரிசையே வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் நின்றது. தெருவில் போகிறவர்கள் இங்கே ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்திருப்பார்கள். “பாய் வந்த அப்புறம் கடையில ஒரு ஒழுங்கு வந்திருக்கு” என்று தீபாவளிக்கு நாயுடு எனக்கு ஒரு வேட்டி கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

இந்தக் கூட்டத்தில் அருமையாக நடிப்பவன் பிச்சமுத்து. காந்தி மார்க்கெட்டில் வெங்காய மூட்டை தூக்குகிறவன், கண்ணில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. “எங்கப்பா வலிக்குது?” என்றால், “இங்கதாங்க பாய், உசுரு போவுது” என்று துடிப்பான். எனக்கே சிரிப்பு வந்துவிடும். போன மாதக் கடைசியில் அவன் பெண்டாட்டி வீரம்மாள் கடைக்கு வந்தாள். “எங்க வீட்டுக்காரருக்கு நாலு மாசமா வயித்துவலிங்க. தெனம் உங்க மருந்துதான் குடிக்கிறாரு. கூலி முச்சூடும் இதுக்கே போயிடுது. கொறையவே மாட்டேங்குதே. இதைவிட நல்ல மருந்தா ஒண்ணு குடுங்க பாய்” என்றாள். கேலி இல்லை, மச்சான். அவள் அதை மருந்து என்றே நம்பிக்கொண்டிருந்தாள். முந்தானையில் முடிந்திருந்த எட்டணாவை அவிழ்த்து மேஜைமேல் வைத்தாள். காசை எடுத்துக்கொள்ளச் சொல்லி, நான் பார்த்துக்கிறேம்மா என்று அனுப்பினேன். என்ன ஆனாலும் பிச்சமுத்துவுக்கு மட்டும் என் கையால் இனி ஒரு சொட்டுக் கிடையாது என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை அவன் வந்தான். வரிசையில் நிற்காமல் நேரே வந்து மேஜையைப் பிடித்துக்கொண்டான். “தாங்க முடியல பாய், ஏதாச்சும் குடுங்க” என்றான். எங்கே வலிக்குது என்று கேட்டேன். பாருங்கள், அப்போதும் கேட்டிருக்கிறேன். தொப்புளை விட்டுத் தள்ளி, வலது பக்கம் இடுப்போரமாகக் கையை வைத்தான். “என்னப்பா, பாடம் மறந்துபோச்சா? இடம் மாறிப்போச்சே” என்றேன். வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். “சத்தியமா பாய், இன்னைக்கு நெசமாவே வலிக்குது. டிங்சர் வேணாம், வேற மருந்து குடுங்க” என்றான். “உன் பொஞ்சாதி வந்து கண்கலங்கிட்டுப் போனா. உனக்கு இந்தக் கடையில ஒண்ணும் கெடையாது, போ” என்று நிமிர்ந்து நின்று சொன்னேன். ஆறு மாதத்தில் அன்றைக்குத்தான் நிமிர்ந்தேன். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். வீட்டுக்கு வந்ததும் மஜீதாகூட, “என்னங்க, இன்னைக்கு மொகம் தெளிவா இருக்கு” என்றாள்.

பிச்சமுத்து அன்றிரவு அம்மாசி வண்டிக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்திருக்கிறான். குடித்துவிட்டுக் கிடக்கிறான் என்று ஊரே தாண்டிப் போயிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். குடல்வால் வெடித்துவிட்டதாம். திங்கட்கிழமை காலையில் போய்விட்டான். ஒரு நாள் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் சொன்னாராம். நாற்பது பேரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழக்கினவன் நான். உண்மையான வலியோடு வந்த ஒருத்தனை அடையாளம் தெரியாமல் விரட்டினவனும் நான். இத்தனை மாதம் ஹராம் என்று தெரிந்தே விற்ற புட்டிகளால் ஒருத்தரும் சாகவில்லை. என் மனசாட்சிக்குப் பயந்து ஒரே ஒருத்தனை இல்லை என்று அனுப்பினேன், அவன் செத்துவிட்டான். இதற்கு எந்தக் கணக்குப்பிள்ளை பேரேடு எழுதுவான்?

வியாழக்கிழமை வீரம்மாள் ஒரு சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நாலு மாதத்துக் காலிப் புட்டிகள். கழுவித் துடைத்துக் கொண்டுவந்திருந்தாள். காலிப் புட்டியைக் கடையில் அரையணாவுக்குத் திருப்பி எடுப்போம். “இதை எடுத்துக்குங்க பாய். காரியத்துக்கு அரிசி வாங்கணும்” என்றாள். அவள் மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவள் சொன்னது வேறு. “வீட்டுல சொல்லிக்கிட்டே இருப்பாரு பாய். மார்க்கெட்டுல நம்மள ஒரு மனுசனா யாரும் ஏறெடுத்துப் பாக்கிறதில்ல, மருந்துக்கடை பாய் ஒருத்தர்தான் தெனமும் எங்க வலிக்குதுன்னு கேக்குறாருன்னு. நீங்க நல்லா இருக்கணும்.”

பையில் இருந்ததையெல்லாம் அவள் கையில் கொட்டினேன். கடைச் சாவியை மேஜைமேல் வைத்தேன். நாயுடு, “யோசிச்சுச் சொல்லுங்க பாய்” என்று மட்டும் சொன்னார். நான் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

இப்போது உங்களிடம் கேட்பது இதுதான். உங்கள் கடலை மண்டியில் எனக்கு ஒரு வேலை கொடுங்கள். மூட்டைக்குச் சீட்டு எழுதுகிறேன், கடலையைப் புடைக்கச் சொன்னாலும் புடைக்கிறேன். கடலையிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்க வேண்டியதில்லை. மஜீதாவுக்குத் தொண்ணூறு ஊசியில் ஐம்பத்திரண்டு ஆயிற்று. முப்பத்தெட்டு பாக்கி, வீட்டில் இருப்பது மூன்று. நடுவில் நிறுத்துவது ஆரம்பிக்காமலே இருப்பதைவிட மோசம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். உங்கள் தங்கச்சியின் உயிரை வைத்து நான் நல்லவனாகப் பார்க்கிறேன் என்று உங்களுக்குக் கோபம் வரும். நியாயமான கோபம். ஆனாலும் அந்த மேஜைக்குப் பின்னால் என்னால் இனி ஒரு நாளும் நிற்க முடியாது. அல்லாஹ் மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் மாற்றமே இல்லை.

சாரா பீவிக்கு என் சலாம். பிள்ளைகளுக்கு என் துஆ. உங்கள் மண்டியில் பரக்கத்தும், வீட்டில் எல்லோருக்கும் நல்ல சரீர சுகமும் நீடிக்க ஐந்து வேளையும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்
அ. அப்துல் சுக்கூர்

பி.கு.: மறுநாள் எழுதுவது. இன்று காலை நாயுடு ஸ்ரீரங்கத்திலிருந்து ஜட்கா வைத்துக்கொண்டு நம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். சந்தில் மழைச்சேறு. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, நெற்றித் திருமண் காயாமல் வந்து நின்றார். கையில் ஓர் அட்டைப்பெட்டி. “முப்பத்தஞ்சு இருக்கு பாய். விலை பேச வேண்டாம். அந்த மூட்டை தூக்குறவன் வீட்டுக்கும் ஏதோ அனுப்பிட்டேன். தங்கச்சி உடம்பு தேறணும், அதைப் பாருங்க” என்றார். முப்பத்தெட்டில் வீட்டில் இருக்கிற மூன்று போக முப்பத்தைந்து, கணக்குத் தப்பவில்லை. பெட்டிமேல் கடைச் சாவி இருந்தது. அந்தச் சமயம் பார்த்துத் திரைக்குப் பின்னால் மஜீதா இருமினாள். சாவியை எடுத்துக்கொண்டேன். நாளை முதல் போகிறேன். எனவே வேலை ஒன்றும் தேட வேண்டாம். மேலே எழுதியதைக் கிழித்துவிடவும். கவரில் ஸ்டாம்பு ஒட்டியாகிவிட்டதால் மட்டும் அனுப்புகிறேன். ஆனால் ஒரு நிபந்தனை போட்டேன், மச்சான், அதில் நான் விட்டுக்கொடுக்கவே இல்லை. இனிமேல் யாரிடமும் எங்கே வலிக்கிறது என்று கேட்கமாட்டேன், கேட்டதை எடுத்துக் கொடுத்துவிடுவேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். நாயுடு உடனே ஒத்துக்கொண்டார். அதுவும் நல்லதுதான் பாய், வரிசை சீக்கிரம் நகரும் என்றார்.