பழுப்பு சாரிடம் என் கல்லீரல்

உலகத்தில் உள்ள சகலத்தையும் பழுப்பு, நீலம் என்று இரண்டே கட்சியாகப் பிரித்துவிட்ட ஒரு மனிதரை நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. நான் பார்த்திருக்கிறேன். பார்த்ததோடு நிற்காமல், என் கல்லீரலில் ஒரு துணுக்கை அவரிடம் ஒப்படைத்தும் இருக்கிறேன்.

நெய்வேலியில் எங்கள் பிளாக்கை ஒட்டி இருந்த சின்ன லேபில் அவர் டெக்னீஷியன். எல்லாருக்கும் அவர் பழுப்பு சார். ஊரில் தோண்டுகிற பழுப்பு நிலக்கரியால் வந்த பெயர் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். இல்லை. கட்டியிலிருந்து எடுத்த சதையைக் கண்ணாடித் துண்டில் மெல்லிய படலமாக ஒட்டி, விதவிதமான மருந்துகளை ஊற்றுவது அவர் வேலை. மருந்து தேடுகிற சமாச்சாரம் சதையில் இருந்தால் பழுப்பாகும், இல்லாவிட்டால் நீலமாகவே நிற்கும். அதைப் பார்த்துத்தான் இது என்ன ஜாதிக் கட்டி என்று டாக்டர் சொல்வார்.

விடை தெரிந்த ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் எதையும் நம்பக் கூடாது என்பது அவர் கொள்கை. பலாச்சுளை வாங்கப் பண்ருட்டிக்குப் போனால், இனிப்பென்று தெரிந்த ஒரு சுளையை வீட்டிலிருந்தே டப்பாவில் கொண்டுபோவார். கேட்டால், "இது கன்ட்ரோலுங்க" என்பார். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணுக்குப் பக்கத்தில் தன் அக்காவை உட்காரச் சொன்னார் என்று ஒரு வதந்தி உண்டு. அதைக் கிளப்பியவன் நான்தான்.

கேமரா வைத்த செல்போன் டவுன்ஷிப்புக்குள் நுழைந்த புதுசில் எனக்கு ஒரு ஸ்கேன் எடுத்தார்கள். கல்லீரலில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஏதோ உட்கார்ந்திருந்தது. ஊசி போட்டு நூல் மாதிரி ஒரு துணுக்கு எடுத்தார்கள். சாதாரணச் சாயத்தில் அது சாதுவா, புற்றா என்று டாக்டரால் தீர்மானிக்க முடியவில்லை. பழுப்பு சாரின் மருந்துகள்தான் சொல்ல வேண்டும் என்றார்.

மூன்று நாள் பொறுத்தேன். நான்காம் நாள் ஷிப்டு முடிந்ததும் லேபுக்குள் புகுந்தேன். பழுப்பு சார் டீக்குப் போயிருந்தார். ரிப்போர்ட் எழுதுகிற லேப் பாப்பா மட்டும் இருந்தாள். மேஜைமேல் என் பெயர் எழுதிய கண்ணாடி ஈரம் காயாமல் கிடந்தது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். புளியங்கொட்டை அளவுக்கு ஒரு திட்டு, நல்ல பழுப்பு. புற்றேதான் என்று முடிவுகட்டினேன். கீழே ஒரு அழுக்கு. கடைசியாகப் பார்ப்பதைச் சுத்தமாகப் பார்ப்போமே என்று கர்ச்சீப்பால் அதைத் துடைத்தேன். திட்டு பழுப்பாகவே இருந்தது. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வருகிற வழியிலேயே, முருங்கை மரத் தகராறில் நான்கு வருஷமாகப் பேசாத பக்கத்து குவார்ட்டர்ஸ்காரரை மன்னித்தேன். அவர் பயந்துபோய் உள்ளே ஓடிவிட்டார். என் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். கடலூர்க்காரி, சுலபத்தில் கலங்காதவள், அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அரை மணியில் பழுப்பு சார் வாசலில் நின்றார். கையில் அந்தக் கண்ணாடி.

"இத்த யாருங்க தொட்டது? லேப் பாப்பா உங்களத்தான் சொல்லுது."

"நான்தான் சார். பாத்துட்டேன். எல்லாம் முடிஞ்சிருச்சு."

"இன்னா முடிஞ்சிது?"

"பழுப்பா இருக்கே சார்."

"அது வேற ஆளோட கட்டிங்க. மருந்து வேலை செய்யுதான்னு பாக்க, தெரிஞ்ச கட்டி ஒண்ண அதே கண்ணாடில ஒட்டறோம். அது பழுப்பாவணும். உங்களுது கீழ நூலாட்டம் இருந்திருக்குமே, அது எங்க?"

"அழுக்குன்னு நெனச்சு... தொடச்சுட்டேன் சார்."

"உங்க கல்லீரலத் தொடச்சிட்டு, எவனோ ஒருத்தன் கட்டியப் பாத்து அழுதுகினு இருக்கீங்களா?"

மனைவி மெதுவாகச் சொன்னாள்: "அந்தக் கர்ச்சீப்ப இப்பதாங்க சோப்புத்தண்ணில போட்டேன்."

"தொடைக்கும்போது என்ன கலர்ல இருந்துச்சு?" என்று பழுப்பு சார் கேட்டார்.

"நீலம் மாதிரி..."

"மாதிரியெல்லாம் பேசக் கூடாதுங்க. மிச்சத் துண்டச் சீவித் திருப்பிப் பண்ணணும். இந்த மருந்துக்குப் பழுப்பு வரக் கூடாது. இன்னொண்ணு இருக்குது, அதுக்குப் பழுப்பு வரணும். அதுவும் தேசப்படம் கணக்கா திட்டுத்திட்டா வந்தா சாதுக்கட்டி. ரெண்டையும் பாத்துட்டு டாக்டருதான் சொல்லணும். நான் எதுவும் சொல்லல."

அவர் போனதும் மனைவி தலையில் கைவைத்தாள். "பழுப்பே வரக் கூடாதுன்னு காலைலதான் புள்ளையார்கிட்ட வேண்டிகினு வந்தேன்." உடனே செருப்பை மாட்டிக்கொண்டு, விண்ணப்பத்தைத் திருத்தக் கோயிலுக்குப் போனாள்.

திங்கட்கிழமை டாக்டர் கூப்பிட்டனுப்பினார். பழுப்பு வரக் கூடாத இடத்தில் வரவில்லை. வர வேண்டிய இடத்தில் தேசப்படமாகவே வந்திருந்தது. "புத்து இல்ல. அறுக்கவும் வேணாம். அப்பப்ப ஸ்கேன் மட்டும் எடுத்துக்குங்க" என்றார். கால்கள் தரையில்தான் இருக்கின்றனவா என்று குனிந்து பார்த்துக்கொண்டேன். ஒரே சங்கடம், பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்த மன்னிப்பைத் திரும்ப வாங்க முடியவில்லை.

வெளியே வரும்போது ரிப்போர்ட் கொடுக்கிற லேப் பாப்பா சொன்னாள்: "சார் நேத்து ஞாயித்துக்கெழமை பூரா இங்கதாங்க இருந்தாரு. உங்க துண்டுல மிச்சமே கொஞ்சூண்டுதான். அது வீணானா உங்களுக்கு மறுபடி ஊசி போடணுமாம். மூச்சப் புடிச்சிகினு சீவினாரு."

உள்ளே போனேன். பழுப்பு சார் யாருடைய கட்டிக்கோ மருந்து ஊற்றிக்கொண்டிருந்தார்.

"சார், ரொம்ப..."

"ஊசின்னா மயக்கம் போட்டுடுவீங்கன்னு வூட்டம்மா வந்து சொல்லிட்டுப் போனாங்க" என்றார், கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் தலை நிமிரவில்லை. நானும் கிளம்பவில்லை.