பள்ளிக்கூடம் பார்க்கப் போனேன், சுவரேறி வந்தேன்

ஒரு பள்ளிக்கூடம் நல்லதா கெட்டதா என்று தெரிய வேண்டுமானால் நேராக அதன் கக்கூஸுக்குப் போங்கள். ரிசல்ட் போர்டு, கோப்பை அடுக்கிய கண்ணாடி அலமாரி, டை கட்டிய பிரின்சிபால் எல்லாம் அப்புறம். இதைச் சொன்னால் எங்கள் வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்று நானே சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் சொன்னால் இன்னும் மோசமாகச் சொல்வார்கள். நடந்த கூத்துக்கு நான் வெட்கப்பட்டது உண்மை. ஆனால் சொன்ன கருத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன்.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். மூலக்குளத்தில் பாத்ரூம் சாமான் விற்கும் கடையில் வருஷக்கணக்காக வேலை பார்க்கிறேன். குழாய், வாஷ்பேசின், கதவு, தாழ்ப்பாள், எதைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுப்பேன். (வாயும் கொஞ்சம் கூடுதல் என்பார் முதலாளி. வியாபாரம் ஆகிறதா இல்லையா, அதைப் பாருங்கள் என்பேன்.) சொந்தத்தில் யாருக்காவது மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனால் என்னை மறக்காமல் வண்டியில் ஏற்றிக்கொள்வார்கள். பஜ்ஜியும் காபியும் வந்ததும் "பாத்ரூம் எங்கங்க?" என்று நான் எழுந்து உள்ளே போக வேண்டும். அதுதான் எனக்குக் கொடுத்திருக்கும் பொறுப்பு. கூடத்தைத் துடைத்து வைப்பது யாருக்கும் முடியும். வந்தவர்கள் பாத்ரூமுக்குள் போவார்கள் என்று யார் நினைப்பார்கள்? நான் திரும்பி வந்து ஜாதகத்தைப் பற்றிப் பேசினால் இடம் சரி. தலைவலிக்கிறது என்றால் கிளம்பலாம். பிள்ளைச்சாவடிப் பக்கம் நல்ல வசதியான சம்பந்தம் ஒன்று என் தலைவலியால்தான் போனது. அந்தப் பெண் இன்றைக்கும் என்னைக் கும்பிடுவாள்.

என் மகள் நிலா அப்போது ஒரு தனியார் பள்ளியில் ஐந்தாவது முடித்திருந்தாள். ஃபீஸ் கட்டியது என் வீட்டுக்காரரின் அக்கா, பத்மா அண்ணி. பிரெஞ்சு நேஷனாலிட்டி மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு பாரிஸுக்குப் போனவர். நிலா அவரை அத்தை என்று கூப்பிடக் கூடாது, 'தாந்த்' என்று கூப்பிட வேண்டும். அதுதான் பிரெஞ்சில் அத்தையாம். நல்ல மனுஷிதான். ஆனால் பணம் அனுப்புகிறவருக்கு யோசனையும் சேர்த்து அனுப்பும் உரிமை வந்துவிடுகிறது.

அந்த வருஷம் காலையில் நான் நிரப்பிக் கொடுத்த தண்ணீர் பாட்டில் சாயந்தரம் அப்படியே திரும்பி வந்துகொண்டிருந்தது.

"ஏண்டி குடிக்கல?"

"குடிச்சா போவணும்."

"போயேன்."

"மிஸ் விட மாட்டாங்க. விட்டாலும் அங்க கதவு சாத்தாது, தண்ணியும் வராது. நான் வீட்டுக்கு வந்து போய்க்கறேன்."

எட்டு மணிக்கு வேன் ஏறி நாலரைக்கு வீடு வரும் பிள்ளை. அடி வயிற்றில் வலி, காய்ச்சல், டாக்டர், மருந்து. "நிறையத் தண்ணி குடிக்கச் சொல்லுங்கம்மா" என்றார் டாக்டர். நான் பள்ளிக்குப் போய்க் கத்தினேன். அங்கிருந்த மேடம் சிரித்த முகத்தோடு என்னை ஒரு ஏசி அறைக்குக் கூட்டிப்போய், தொட்டால் படம் ஓடும் போர்டைக் காட்டினார். "கதவைக் காட்டுங்க மேடம், போர்டு எதுக்கு?" என்றேன். அடுத்த மீட்டிங்கில் பேசுவோம் என்றார். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், ஆறாவதுக்கு இந்தப் பள்ளி வேண்டாம். எங்கள் வீடு நெல்லித்தோப்பில். நடந்து போகும் தூரத்தில் அரசு நடுநிலைப் பள்ளி ஒன்று இருந்தது.

அந்தச் சமயம் பார்த்து அண்ணி லீவில் வந்திருந்தார்.

"கவர்ன்மென்ட் ஸ்கூலா? எம் மருமகளா? நான் செத்தாப் போயிட்டேன்?"

"இப்ப அங்கயும் சிபிஎஸ்இதான் அண்ணி."

"சிபிஎஸ்இ இருந்தா போதுமா? தராதரம்னு ஒண்ணு இருக்கில்ல? நீ பாத்தியா அந்த ஸ்கூல?"

"பாக்கறேன். நீங்களும் வாங்க. நல்லா இல்லன்னா வாய மூடிக்கிட்டு உங்க ஸ்கூலுக்கே அனுப்பறேன்."

"வீட்டுல எல்லாரையும் வச்சிக்கிட்டுச் சொல்ற, ஞாபகம் வச்சிக்க" என்றார் அண்ணி. என் வீட்டுக்காரர் பேப்பருக்குப் பின்னால் போய்விட்டார்.

பள்ளி திறந்த வாரம் நானும் நிலாவும் அண்ணியும் போனோம். அண்ணி ஃபோட்டோ எடுத்து மாமாவுக்கு, அதாவது பாரிஸில் இருந்த தன் வீட்டுக்காரருக்கு, அனுப்ப ஃபோனைக் கையிலேயே வைத்திருந்தார். தலைமை ஆசிரியை அதிகம் பேசாதவர். வகுப்புகளைக் காட்டினார், கதைப் புத்தகங்கள் கயிற்றில் தொங்கும் அறையைக் காட்டினார். கம்ப்யூட்டருக்கு டீச்சர் இன்னும் போடவில்லை என்று அவரே சொன்னார். அண்ணி பெயின்ட் உரிந்த இடங்களை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தார்.

எனக்கு அதெல்லாம் காதில் ஏறவே இல்லை. "மேடம், பொம்பளப் புள்ளைங்க பாத்ரூம் எங்க?" என்றேன்.

"பின்னாடிம்மா. ஆனா அதுல நடுக் கதவு மட்டும்…"

முழு வாக்கியத்தையும் கேட்டு முடிக்கும் பழக்கம் எனக்கு அப்போது இல்லை. (இப்போதும் இல்லை என்பது வீட்டுக்காரர் கருத்து.) கைப்பையை அண்ணியிடம் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் போனேன்.

வரிசையாக மூன்று கதவுகள். நாற்றம் இல்லை. வெளியே குழாயைத் திறந்தேன், தண்ணீர் வந்தது. வெங்காயம் வரும் சிவப்பு வலைப் பையில் சோப்பைப் போட்டுக் குழாயிலேயே கட்டியிருந்தார்கள். மனசுக்குள் மார்க் போட்டுக்கொண்டே நடுக் கதவைத் திறந்து உள்ளே போனேன். வாளி இருந்தது, மக் இருந்தது. கதவில் தாழ்ப்பாள்கூட இருந்தது. என் தொழில் புத்தி சும்மா இருக்குமா? இருந்தால் போதாது, விழ வேண்டும். கதவைச் சாத்தி, கடையில் கஸ்டமருக்குக் காட்டுவதுபோல் ஓங்கி ஒரு தள்ளு தள்ளினேன்.

விழுந்தது. அருமையாக விழுந்தது. அதற்குப் பிறகு எழவில்லை.

கீல் தொய்ந்து கதவு கீழே இறங்கியிருந்தது. சாய்வாகப் போன தாழ்ப்பாள் கம்பி துளையில் இறுகிக்கொண்டது. இழுத்தேன். முந்தானையைச் சுற்றிப் பிடித்து இழுத்தேன். காலைச் சுவரில் உதைத்துக்கொண்டு இழுத்தேன். ஃபோன் அண்ணியிடம் இருந்த பையில். அந்த நேரம் பார்த்து இன்டர்வல் மணி அடித்தது.

சிறுமிகளின் செருப்புச் சத்தம் வந்தது. கதவைத் தட்டினார்கள்.

"உள்ள யாரு?"

"நான்தாம்மா."

"நான்தான்னா?"

"பள்ளிக்கூடத்தப் பாக்க வந்தவங்க."

வெளியே குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். பிறகு ஒரு கட்டைக் குரல், மரியாதையாகவே சொன்னது: "பள்ளிக்கூடம் இந்தப் பக்கம் இருக்கு ஆண்ட்டி."

எல்லாரும் சிரித்துத் தீர்த்தார்கள். எனக்குக் காது சுட்டது.

"கதவு மாட்டிக்கிச்சு."

"நடுக் கதவுக்குத் தாழ்ப்பாப் போடவே கூடாது ஆண்ட்டி. ஒருத்தி உள்ள போனா ஒருத்தி வெளிய நின்னு புடிச்சிக்கணும்."

"இத முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நீங்க உள்ள இருக்கறதே இப்பதான தெரியும். கதவத் தூக்கிட்டு இழுங்க."

"எனக்கே சொல்லித் தர்றியா? நான் தாழ்ப்பாள் விக்கிறவ."

"அப்ப வெளிய வாங்க."

தூக்கிக்கொண்டு இழுத்தேன். தாழ்ப்பாளின் குமிழ் கழன்று என் கையோடு வந்தது. கம்பி அங்கேயே நின்றது. "வந்துடுச்சா ஆண்ட்டி?" என்று கேட்டது கட்டைக் குரல். பாதி வந்துவிட்டது என்றேன்.

ஒரு பெண் தலைமை ஆசிரியையைக் கூப்பிட ஓடினாள். மற்றவர்கள் நின்றார்கள். சும்மா நிற்பானேன் என்று உள்ளே இருந்தபடியே கேட்டேன்.

"தண்ணி தெனமும் வருதா?"

"வரும். மோட்டார் ரிப்பேர்னா அன்னிக்கு மட்டும் வராது. போன வருசம் ஒரு வாட்டி ஆச்சு, மிஸ் லாரித் தண்ணி வர வச்சாங்க."

"யாரு கழுவறது? உங்கள விட்டுக் கழுவச் சொல்றாங்களா?"

"இல்ல ஆண்ட்டி, ஒரு அக்கா வருவாங்க. நாங்க சோப்பு மட்டும் மாத்துவோம்."

"கிளாஸ் நடக்கறப்ப வந்தா மிஸ் விடுவாங்களா?"

"வந்தா போவ வேண்டியதுதான?" என்றது கட்டைக் குரல், நான் ஏதோ மூச்சு விட அனுமதி உண்டா என்று கேட்டதுபோல். "கணக்கு மிஸ் மட்டும், சீக்கிரம் வந்துடுன்னுவாங்க."

நான் அந்த வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன். தலைமை ஆசிரியை அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தால் இந்தப் பதில் எனக்குக் கிடைத்திருக்குமா? என் முகம் தெரியாததால் பிள்ளைகள் உள்ளது உள்ளபடி சொன்னார்கள். எனக்கு வேண்டியதெல்லாம் தெரிந்துவிட்டது. வெளியே போவது மட்டும்தான் பாக்கி.

தலைமை ஆசிரியை வந்தார். பின்னாலேயே அண்ணியின் குரல்: "மோந்தியே." கடவுளே என்று பொருள். பாரிஸில் ரயில் தவறினாலும் இதைத்தான் சொல்வாராம்.

"இதத்தாம்மா சொல்ல வந்தேன்" என்றார் தலைமை ஆசிரியை. "பயப்படாதீங்க. வாட்ச்மேனை வரச் சொல்லிக் கதவ உடைச்சிடலாம்."

"உடைக்காதீங்க மேடம். கதவு நல்ல கதவு, கீல்தான் போயிருக்கு. நானே வர்றேன்."

எங்கிருந்து வந்தது அந்த வீராப்பு என்று தெரியவில்லை. பக்கத்துக் கழிப்பறைக்கும் இதற்கும் நடுவிலிருந்த சுவர் கூரை வரை போகவில்லை. வாளிமேல் ஏறி, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, உந்தி ஏறினேன். ஒரு காலை அந்தப் பக்கம் போட்டேன். இந்தக் காலைத் தூக்க முடியவில்லை. குதிரைமேல் உட்கார்ந்த மாதிரி சுவர்மேல் மாட்டிக்கொண்டேன். (ராணி மாதிரி என்று எழுத ஆசைதான். தலையில் ஒட்டடை இருந்தது.) கதவுகளுக்கு மேலே என் தலையும் தோளும் தெரிய, கீழே பள்ளியின் பெண் பிள்ளைகள் பாதிப் பேர். அண்ணி ஃபோனை உயர்த்திப் பிடித்திருந்தார்.

"வீடியோ எடுக்கறீங்களா அண்ணி?"

"மாமா பாக்கணும்ல. இதுதான் நீ தேடிப் புடிச்ச ஸ்கூலா செல்வி? ஒரு தாழ்ப்பாகூடத் தொறக்கல."

"தொறக்கலதான். ஆனா உள்ள தண்ணி வருது. சோப்பு இருக்கு. நாத்தம் இல்ல. எந்தப் புள்ளையும் அடக்கிக்கிட்டு உக்காரல. நீங்க ஃபீஸ் கட்டற எடத்துல இதுல ஒண்ணு இருக்கா, சொல்லுங்க."

"மொதல்ல எறங்கு, அப்பறம் பேசலாம்."

"இப்பவே பேசலாம்."

நிலா அழ ஆரம்பித்தாள். "அம்மா, எறங்கும்மா. எல்லாரும் பாக்கறாங்க. எனக்கு இந்த ஸ்கூல் வேணாம். நான் பழைய ஸ்கூலுக்கே போறேன்."

என் வாய் அன்றைக்கு மூடியது அந்த ஒரு நிமிஷம்தான். யாருக்காக இவ்வளவும் செய்தேனோ அவளையே ஊர் சிரிக்க வைத்து, வேண்டாம் என்று சொல்லவும் வைத்துவிட்டேன். அண்ணி ஜெயித்துவிட்டார்.

எப்படியோ காலைத் தூக்கிவிட்டேன். அடுத்த கழிப்பறைக்குள் இறங்கினேன் என்று நான் சொல்வேன், விழுந்தாள் என்று அண்ணி சொல்வார். வீடியோவில் சத்தம் மட்டும்தான் இருக்கிறது. ஒரு கால் நேராகத் தண்ணீர் வாளிக்குள் போனது. அந்தக் கதவில் தாழ்ப்பாள் போட்டிருக்கவில்லை, தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். புடவை நனைந்து, முழங்கை சிராய்ந்து, ஒரு கையில் இன்னும் அந்தக் குமிழ்.

கட்டைக் குரலுக்குச் சொந்தக்காரி என்னை மேலும் கீழும் பார்த்தாள். இரட்டைப் பின்னல், ஒல்லியான பெண், பெயர் அபி. பிறகு நிலாவிடம் திரும்பினாள்.

"உங்கம்மாவா?"

நிலா இல்லை என்று சொல்லிவிடுவாளோ என்று பார்த்தேன். தலையை ஆட்டினாள்.

"எங்கம்மா இதவிட மோசம். ஒரு வாட்டி ஸ்கூல் கேட்டத் தாண்டிக் குதிச்சி உள்ள வந்துச்சு, டிபன் பாக்ஸ் குடுக்க. ஆறாவது சேரப் போறியா?"

"தெரியல."

"சேந்தா பி செக்சன் கேளு. அங்கதான் ஃபேன் நல்லா சுத்தும்."

நிலா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள். பிறகு என்னிடம் கேட்காமல் அபியிடம் மெதுவாகக் கேட்டாள்: "எனக்குப் போவணும். இப்பப் போலாமா?"

"போ. கடைசிக் கதவுதான் நல்லது. நான் வெளிய புடிச்சிக்கறேன்."

நிலா போனாள். அபி கதவில் முதுகைச் சாய்த்து நின்று, வருகிறவர்களை எல்லாம் "ஆளிருக்கு, ஆளிருக்கு" என்று விரட்டினாள். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. போன வருஷம் முழுக்கப் பழைய பள்ளிக்கூடத்தில் என் பிள்ளை செய்யாததை, இங்கே வந்த முதல் மணி நேரத்தில், பேர்கூடப் பதியாமல் செய்தாள்.

அண்ணி ஃபோனைக் கீழே இறக்கினார். கொஞ்ச நேரம் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலைமை ஆசிரியையிடம் கேட்டார்: "அட்மிஷனுக்கு இன்னான்னா கொண்டாரணும்?"

நிலா சேர்ந்தாள். பி செக்சன்தான். அந்த வாரமே நான் கடையிலிருந்து புதுக் கீலும் தாழ்ப்பாளும் எடுத்துப்போய் நானே மாட்டினேன். அப்புறம் பெற்றோர் கூட்டத்தில் கம்ப்யூட்டர் டீச்சர் எங்கே என்று கேட்டுக் கேட்டு அதிகாரிகளின் உயிரை வாங்கினேன். அவரும் வந்து சேர்ந்தார். பள்ளியில் எனக்கு 'சுவர் ஆண்ட்டி' என்று பேர். பெட்டிக்கடையில் நிற்கும்போதுகூட யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகள் வணக்கம் வைப்பார்கள். வைக்கட்டும்.

வீட்டில்தான் விமோசனம் இல்லை. வீடியோ பாரிஸ் போய், அங்கிருந்து ரீயூனியன் தீவில் இருக்கும் சொந்தக்காரர்கள் வரை போய்விட்டது. நான் பார்த்தே இராத ஒரு மாமா போன பொங்கலுக்கு ஃபோன் செய்து, "எறங்கிட்டியாம்மா?" என்று கேட்டார்.

இப்போது நிலா எட்டாவது. நடுநிலைப் பள்ளி அதோடு முடிகிறது, ஒன்பதாவதுக்கு வேறு பள்ளி தேட வேண்டும். சில பள்ளிகளை யோசித்து வைத்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் போவேன். எல்லாக் கதவையும் சாத்தித் தாழ்ப்பாள் போட்டும் பார்ப்பேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், என் பிள்ளை அடக்கிக்கொண்டு உட்கார மாட்டாள்.

போன வாரம் அண்ணி ஃபோன் செய்தார். நலம் விசாரிக்கவில்லை, சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை.

"செல்வி, ஸ்கூல் பாக்க எந்தத் தேதி போற? சரியாச் சொல்லு. அதுக்கேத்த மாதிரிதான் நான் ஃபிளைட் டிக்கெட் போடணும்."